ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அறிவோம்

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்த இடத்தில் வைக்கத் தக்கது, ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரத்துச் செயின்ட் ஆல்ட்வின் தனியார் பள்ளியின் சேர்க்கைப் பிரிவு. நெருப்பு சமைக்கும், சக்கரம் சுமக்கும். வீட்டுக் கடன் வட்டி மூச்சுவிடாமல் ஏறிக்கொண்டிருக்கும் வருஷத்தில் ஒரு குடும்பத்தைச் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போடவைக்க அவற்றால் ஆகுமா?

அந்தப் பிரிவின் தலைவி ஜோலீன் கார்மடி. போன வருஷம் மற்றவர்கள் எல்லோருக்கும் 'புதிய வாய்ப்புகளைத் தேடும் சுதந்திரம்' வழங்கப்பட்டுவிட்டதால், பிரிவின் ஊழியர்களும் அவளேதான். 'கட்டணம்' என்ற கெட்ட வார்த்தையை அவள் வாயால் யாரும் கேட்டதில்லை. அதற்குப் பெயர் 'பயணப் பங்களிப்பு'. பங்களிக்க முடியாமல் பிள்ளையை நிறுத்திக்கொண்டவர்கள் 'எளிமையைத் தேர்ந்த குடும்பங்கள்'. எளிமை அந்த வருஷம் ஃப்ளூ காய்ச்சல்போலப் பரவியது. வகுப்பறைகளில் இருந்ததைவிடப் பள்ளியின் பழைய சீருடைக் கடையில்தான் கோட்டுகள் அதிகம் தொங்கின.

முதல்வர் டாக்டர் பென்ஹாலோ கலங்கவில்லை. கடற்கரை விடுதியில் மூன்று நாள் தங்கிச் சிந்தித்து ஒரு வாசகத்தோடு திரும்பினார். 'இங்கே ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அறிவோம்.' அது வாசலில் ஏறியது, காபிக் கோப்பையில் ஏறியது, அரசு மானியத்தில் கட்டிய நீச்சல் குளத்தின் அடியிலும் ஏறியது. முங்கினால் படிக்கலாம்.

கூடவே பள்ளிக் குழு ஒரு தீர்மானமும் போட்டது. பெற்றோர் பள்ளியைச் சுற்றிப்பார்க்க வரும் திறப்பு நாளில் முப்பது குடும்பங்கள் சேர வேண்டும். சேராவிட்டால் சேர்க்கைப் பிரிவு சிட்னியில் ஒரு வெளி ஒப்பந்த நிறுவனமாக 'மறுபிறவி' எடுக்கும். ஜோலீனுக்கு அந்தப் பிறவியில் இடமில்லை என்பதைக் குழு கண்ணியம் கருதி எழுதாமல் விட்டது.

திறப்பு நாளுக்கு விருந்தினரை அழைத்துப்போகப் பன்னிரண்டு மாணவ வழிகாட்டிகளுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் வைத்து மூன்று வாரம் தன்னம்பிக்கை ஊட்டியிருந்தார்கள். பன்னிரண்டு பேரும் அதற்கு முந்தின வாரம் பனிமலை முகாமுக்குப் போய், அங்கே எதையோ தின்று, வாந்தியும் பேதியுமாகத் திரும்பினார்கள். தன்னம்பிக்கை முழுவதும் வெளியே வந்துவிட்டது.

ஜோலீனின் மகள் டார்சி அன்று அங்கே இருந்தது வெங்காயம் வதக்க. குடும்பங்களின் கஷ்டத்தில் தானும் பங்குகொள்வதைக் காட்ட, முதல்வர் அந்த வருஷம் சிற்றுண்டி மேசையை ஒழித்துவிட்டு, ரொட்டித் துண்டில் வெங்காயத்தோடு சுருட்டிய இறைச்சிச் சாசேஜ் போட உத்தரவிட்டிருந்தார். நிகழ்ச்சி நிரலில் அதற்கு 'எளிமை அனுபவம்' என்று பெயர். சாசேஜ் சுடத் தெரிந்தவர் பள்ளியில் ஒருவரும் இல்லை. டார்சிக்குத் தெரியும். அவள் படிப்பது கோரலின் சாலை அரசுப் பள்ளியில். ஊழியர் சலுகை போக மிஞ்சிய பங்களிப்பு ஜோலீனுக்கு எட்டவில்லை. கோரலின் சாலைப் பிள்ளைகள் இரண்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் ஹார்ட்வேர் கடை வாசலில் சாசேஜ் விற்று, ஒழுகும் அறிவியல் கூடத்துக்குக் கூரை சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

வந்தவர்களிடம் டார்சி வாய் ஓயவில்லை. ஒரு தாத்தாவின் முழங்கால் வலி, ஒரு குழந்தையின் தொலைந்த பல், எல்லாம் விசாரித்தாயிற்று. தூரத்திலிருந்து பார்த்த முதல்வர் நெகிழ்ந்துபோய்க் கிட்டே வந்தார்.

"எங்கேம்மா உன் கோட்டு? நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளை இப்படியா நிக்கிறது?"

டார்சி அம்மாவைப் பார்த்தாள். முப்பது என்ற எண் ஜோலீனின் கண்முன் வந்து நின்றது. அவள் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள், உடனே பழைய சீருடைக் கடைக்கு ஓடினாள்.

"அம்மா, இது ஏமாத்து வேலை," என்றாள் டார்சி, கோட்டுக்குள் கையை நுழைத்துக்கொண்டே.

"ஒரு மணி நேரம்தான்டி. சுத்திக் காட்டிட்டுக் கழட்டிப் போட்டுடு."

"எனக்கே வழி தெரியாதே."

"முதல்வருக்கும் தெரியாது. நட."

டார்சி நடந்தாள். வழி தெரியாத இடத்தில் சிரித்தாள், சிரித்த இடத்தில் பெற்றோர் மயங்கினார்கள். பஸ் ஓட்டுநர் வெஸ்னா, மகன் லூகாவைத் தோளில் இடித்து, "பேசினா இந்தப் பொண்ணு மாதிரி பேசணும். லீவுக்குப் போற கேரவன் வண்டியை வித்துடலாம், ராத்திரி ஷிப்டும் எடுத்துக்கறேன்," என்று முப்பதாவது ஆளாக விண்ணப்பம் எழுதினாள். கேரவன் என்றதும் லூகாவின் முகம் சுருங்கியது. ஜோலீன் அதைக் கவனித்தாள். வெங்காயப் புகை என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

முதல்வர் அதோடு விட்டால் வரலாறு அவரை மறந்துவிடாதா? டார்சியை அன்றே கோட்டோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார். அது பள்ளிக் கையேட்டின் கடைசிப் பக்கத்துக்கு என்றுதான் ஜோலீன் நினைத்திருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை. முப்பது குடும்பங்களும் உறுதிப் படிவம் தர அன்றே கடைசி நாள். இருபத்தொன்பது வந்துவிட்டன. மகளைக் கோரலின் சாலைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு ஜோலீன் நிமிர்ந்தபோது ஒரு பஸ் வந்தது. அதன் விலா முழுக்க டார்சியின் சிரிப்பு, ஓர் ஆள் உயரத்துக்கு. கீழே அந்த வாசகமும் செயின்ட் ஆல்ட்வின் முகவரியும்.

அந்தப் பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடக்கவைக்கும் பெவ், 'நில்' பலகையைத் தூக்கினாள். பஸ் நின்றது.

"ஏய் டார்சி கார்மடி!" என்று பெவ் கத்தினாள். அவள் விளம்பரத்தைப் பார்க்கவே இல்லை. "வெள்ளிக்கிழமை கம்பளி ஜம்பரை மைதானத்துல விட்டுட்டுப் போயிட்ட. ஆபீஸ்ல கேட்டு வாங்கிக்க."

ஓட்டுநர் கதவு திறந்தது. உள்ளே வெஸ்னா. கடந்துபோகிற டார்சியைப் பார்த்தாள், கண்ணாடியில் தன் பஸ்ஸின் விலாவைப் பார்த்தாள்.

"ஏங்க, எல்லாப் பிள்ளைங்க பேரும் உங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாம்னு சொல்ல முடியாது," என்றாள் பெவ் வருத்தத்தோடு. "செயின்ட் ஆல்ட்வின்ல இருந்து ஆறு பேரு இப்பதான் வந்திருக்காங்க. நாலு பேரு பேருதான் மனசுல நிக்குது. அங்க இவங்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரியே தெரியலை, கூப்பிட்டா திருதிருன்னு முழிக்குதுங்க."

வெஸ்னா இப்போது ஜோலீனைக் கண்டுகொண்டாள். பையிலிருந்து உறுதிப் படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, நீங்க அந்தச் சேர்க்கை ஆபீஸ்தானே? ஷிப்ட் முடிஞ்சதும் இதைக் கொண்டாரலாம்னு இருந்தேன். இந்தப் பொண்ணு எந்தப் பள்ளிக்கூடம்?"

'பரிமாற்ற மாணவி' என்று ஒரு சொல் ஜோலீனின் நாக்கு நுனிவரை வந்தது. பத்து வருஷப் பயிற்சி அல்லவா? அவள் அதை விழுங்கினாள்.

"என் பொண்ணு. இதே பள்ளிக்கூடம்தான், முதல் நாள்ல இருந்து. அன்னிக்கு நான் பண்ணது தப்பு. கேரவனை விக்காதீங்க."

"இங்க எவ்வளவு..." வெஸ்னா சரியான வார்த்தையைத் தேடினாள். "பயணப் பங்களிப்பு?"

"கட்டணம்," என்றாள் ஜோலீன். சொல்லவே எவ்வளவு சுகமாக இருந்தது. "அங்கே கட்டுற மாதிரி இங்கே கிடையாது. சனிக்கிழமை வெங்காயம் நறுக்கணும், அவ்வளவுதான்."

சேர்க்கைப் பிரிவு அந்த மாதமே சிட்னியில் மறுபிறவி எடுத்தது. ஜோலீன் வேலை தேடிக்கொண்டே சனிக்கிழமைகளில் லூகாவுக்கு வெங்காயம் நறுக்கக் கற்றுத்தருகிறாள், பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நன்றாகவே நறுக்குகிறான். பஸ் ஒப்பந்தம் வருஷக் கடைசி வரை என்பதால் விளம்பரம் இன்னும் ஓடுகிறது. அந்தச் சிரிப்பைச் சனிக்கிழமை சாசேஜ் கடையில் அடையாளம் கண்டு கோரலின் சாலையில் சேர்ந்த பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு தகர வகுப்பறையே போட வேண்டியதாயிற்று.

டாக்டர் பென்ஹாலோவைப் பற்றி வேண்டாதவர்கள் என்னென்னவோ சொல்கிறார்கள். நாம் நியாயமாகப் பேசுவோம். கல்வி விளம்பர உலகில் அவருடையதைப் போல் நேர்மையான விளம்பரம் வந்ததே இல்லை. படத்திலிருந்த பிள்ளை நிஜம், சிரிப்பு நிஜம், வாசகத்தில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. பள்ளியின் முகவரி மட்டும்தான் தப்பாக அச்சாகியிருந்தது.