பேரில்லாத ஏரிக்குப் போகும் வழி

இந்த வருஷம் சகலை வரும்போது வீட்டில் இருப்பதில்லை என்று வைனோ முடிவு செய்துவிட்டார். கூரையில் பனி உருகிச் சொட்ட ஆரம்பித்த அன்றே எடுத்த முடிவு. இனி எவன் தடுத்தாலும் மாற்றுவதாக இல்லை. எவள் தடுத்தால் என்ன செய்வது என்று மட்டும் யோசிக்கவில்லை.

சகலை எல்மர், ஜூன் பிறந்தால் போதும், சட்பரியிலிருந்து மனைவி ஆய்லியோடு வைனோவின் ஊரான தண்டர் பேயில் வந்து இறங்கிவிடுவார். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டாவது திருப்பி அனுப்பலாம். இவர் உபகாரி. எதைக் கண்டாலும் ரிப்பேர் செய்வார். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால்கூட விடமாட்டார். போன தடவை கொல்லைப்புறத்து சவுனா அறையின் கதவு லேசாக முனகுகிறது என்று கழற்றி மாட்டினார். முனகல் நின்றது. கூடவே உள்ளேயிருந்து திறப்பதும் நின்றது. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் யார் நீராவிக் குளியலுக்குப் போனாலும் கதவிடுக்கில் ஒரு விறகுக்கட்டையைச் செருகிவிட்டுத்தான் போகிறார்கள்.

ரிப்பேரையாவது பொறுத்துக்கொள்ளலாம். கேள்விதான் பொறுக்காது. கூடத்துச் சுவரில் பாடம் செய்து பலகையில் பொருத்தி மாட்டியிருந்தது வைனோ பிடித்த பெரிய டிரவுட் மீன். எல்மர் அதன் எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

"சகலை, இதை எந்த ஏரியில பிடிச்சே?"

"வடக்கே."

"வடக்கேன்னா?"

"வடக்கேதான்."

அந்த ஊர்க்காரன் தன் மூலவியாதியைப் பற்றிக் கடைத்தெருவில் நின்று பேசுவான். மீன் பிடித்த இடத்தைப் பற்றி மட்டும் சவப்பெட்டியில் படுத்தாலும் பேசமாட்டான். கேட்டால் வடக்குப் பக்கம் கையை வீசுவான். கனடாவில் வடக்கு நிறைய இருக்கிறது.

வைனோவின் ஏரி, மரம் வெட்டும் லாரிப் பாதை முடிந்த பிறகு ஆரம்பிக்கும் பெரிய வனப்பூங்காவுக்குள் இருந்தது. வரைபடத்தில் அதற்குப் பேரே கிடையாது. ஒருமுறை வழி தவறிப் போய்த்தான் அதைக் கண்டுபிடித்தார். வழி தவறியது என்பதையும் யாரிடமும் சொல்வதில்லை. கல்யாணமான புதிதில் மனைவி ஹில்க்கா ஆசையாகக் கேட்டாள், "என்னையும் அங்கே கூட்டிட்டுப் போயேன்" என்று. "கண்ணைக் கட்டிக்கிட்டு வரதா இருந்தா வா" என்றார் வைனோ. தமாஷாகத்தான் சொன்னார். முழுத் தமாஷ் இல்லை, பாதி. அவள் அப்புறம் கேட்கவே இல்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

ஆக, திட்டம் இதுதான். சகலை சனிக்கிழமை வருகிறார். வைனோ வெள்ளிக்கிழமையே துடுப்புப் படகு, கூடாரம், தூண்டில் சகிதம் தன் ஏரிக்குக் கிளம்பிவிடுவார். சகலை போன பிறகு திரும்புவார். ஹில்க்கா ஏலக்காய் ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்த ஒரு நல்ல வேளை பார்த்து விஷயத்தை அவிழ்த்தார்.

"ஜூன் முதல் வாரம் படகெடுத்துக்கிட்டு வடக்கே போலாம்னு இருக்கேன்."

"ஆய்லி வர்ற வாரமாச்சே?"

"அடடே, அப்படியா? எனக்கு ஞாபகமே இல்ல பாரு."

ஹில்க்கா கத்தியைக் கீழே வைத்தாள். வைனோ அடிவாங்கத் தயாராகத் தோளைக் குறுக்கிக்கொண்டார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. நானும் வரேன். ஆய்லி, எல்மர் ரெண்டு பேரையும் சேத்துக்கலாம். நாலு பேரா ஜம்முனு போயிட்டு வரலாம்."

காப்பி வைனோவின் மூக்கு வழியாக வந்தது. எல்மர்! தன் ஏரியில்! அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சட்பரியே அங்கு வந்து கூடாரம் அடித்துவிடும். முடியாது என்று சொல்லவும் வழியில்லை. ஹில்க்காவின் அக்காவை வேண்டாம் என்று சொன்னவனுக்கு அந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு ஆறின உருளைக்கிழங்குதான். ஒரே வழி, அவளாகவே "நான் வரலை" என்று சொல்ல வேண்டும். பயமுறுத்திவிடுவது என்று முடிவு செய்தார்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்தார்.

"லாரிப் பாதை முடியற இடத்துல ஒரு ஓடை, ஹில்க்கா. முழங்கால் சேறு. அட்டைங்க ஒவ்வொண்ணும் என் பெல்ட் நீளம்."

"ஐயோ."

"அதுல போனா பீவருங்க மரத்தைக் கடிச்சுப் போட்டுக் கட்டின அணை வரும். ரெண்டாவது அணையில இடது பக்கம் திரும்பலேன்னா தொலைஞ்சோம். வலது பக்கம் போனவன் எலும்புகூடக் கிடைக்காது."

"இடது பக்கம்" என்றாள் ஹில்க்கா, பின்னல் ஊசியை நிறுத்தாமல்.

"அப்புறம் ஒரு பிளந்த பாறை. அங்கே இறங்கிப் படகைத் தலையில கவுத்துக்கிட்டுக் காட்டுக்குள்ள நடக்கணும். கழுத்து உள்ளே போயிடும். போன தடவை நான் போயிட்டு வந்தப்போ சட்டைக் காலர் காதுல இடிச்சுது, நீயே பாத்தியே."

"பாறைக்கு எந்தப் பக்கம் இறங்கணும்?"

"வலது பக்கந்தான். இடது பக்கம் செங்குத்துப் பள்ளம்ல?" மீன்பிடிக்கிறவன் மீனின் நீளத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்வான், வழியில் பொய் சொன்னால் அவனுக்கு நாக்குக் கூசும். வைனோவுக்கும் கூசியது.

"அம்மாடி, பயங்கரமா இருக்கே. நாளைக்கு மிச்சத்தைச் சொல்லு" என்றாள்.

தினமும் சொன்னார். கருப்பு ஈ மேகம்போல் வந்து மொய்க்கும் என்றார். கரடி கூடாரத்தின் ஜிப்பைத் தானே திறக்கும் என்றார். சாப்பாட்டு மூட்டையைக் கயிறு போட்டு மரத்தின் உச்சியில் தொங்கவிடாவிட்டால் கரடியோடு பந்திக்கு உட்கார வேண்டியதுதான் என்றார். ஏரியின் பேரை மட்டும் சொல்லவே இல்லை. அந்த விஷயத்தில் தான் கில்லாடி என்று அவருக்கு நினைப்பு. இல்லாத பேரை எப்படிச் சொல்வது என்பது வேறு விஷயம்.

வாரக் கடைசியில் பலன் கிடைத்தது.

"நான் வரலைப்பா" என்றாள் ஹில்க்கா. "நீயும் எல்மரும் பண்ற பயணத்துக்கு நான் வரலை."

"எல்மரும் வரலை, ஹில்க்கா. அவனுக்கு முழங்கால் சரியில்லையே, பாவம். நான் தனியாவே கஷ்டப்படறேன்."

"சரி, உன் இஷ்டம். பூங்கா அனுமதி, தூண்டில் லைசென்ஸ் எல்லாம் நானே வாங்கிடறேன். உனக்கு அந்தக் கம்ப்யூட்டர் ஆகாது."

வைனோவுக்கு ஒன்றும் புரியவில்லை. எதிர்பார்த்தது சண்டை, கிடைத்தது ஒத்தாசை. இதில் எங்கோ இடிக்கிறது என்று தோன்றியது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை இன்னும் குழப்பின. ஹில்க்கா வலைத்துணி வைத்துத் தொப்பி தைத்தாள். இரண்டு தொப்பி. "ஒண்ணு கிழிஞ்சா?" என்றாள். நியாயம்தான். மாட்டிறைச்சி, பட்டாணி, ஆப்பிள் எல்லாவற்றையும் அடுப்பில் உலர்த்தி உலர்த்திப் பையில் கட்டினாள். ஒரு ஆளுக்கு இவ்வளவா என்றால், "பசிச்சா என்ன பண்ணுவே?" என்றாள். அதுவும் நியாயம்தான். வைனோவுக்குக் காளான் பிடிக்காது. பையில் காளான் இருந்தது. அதற்கு நியாயம் கேட்பதற்குள் அவள் கொல்லைப்புறம் போய்விட்டாள். அங்கே ஒரு மூட்டை உருளைக்கிழங்கைக் கயிற்றில் கட்டி வெள்ளைப்பட்டை மரத்தின் மேல் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே?"

"அணில் தொல்லை."

ஒருநாள் பக்கத்து வீட்டு மர்டோ வேலிக்கு மேல் தலையை நீட்டினார்.

"வைனோ, உன் படகு நடக்குது."

"என்னது?"

"படகு. கால் முளைச்சு வீட்டைச் சுத்துது. இது மூணாவது ரவுண்டு. நான் காலையில குடிக்கறதில்லப்பா."

வைனோ ஓடிப்போய்ப் பார்த்தார். படகு வந்தது. கீழே ஹில்க்காவின் பச்சைச் செருப்பு.

"உள்ளே சிலந்தி. உலுக்கி விடறேன்" என்றது படகு.

வைனோ மண்டையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். கடைசியில், பிரியப்போகும் வருத்தத்தில் அவளுக்குக் கொஞ்சம் மூளை கலங்கிவிட்டது என்று முடிவு கட்டினார். நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. வரும்போது அவளுக்கு நல்லதாக ஒரு மீன் கொண்டுவர வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடிந்து, வைனோ சோம்பல் முறித்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார். மேஜைமேல் காப்பி மெஷின் அக்கக்காகக் கழன்று கிடந்தது. அதன் பின்னால் எல்மர்.

"வா சகலை. இது ஒரு மாதிரி சத்தம் போட்டுது. அதான்."

"நீ... நாளைக்குத்தானே வரணும்?"

"ஹில்க்கா போன் பண்ணி இன்னிக்கே வரச் சொன்னா. ராத்திரி பூரா வண்டியோட்டிக்கிட்டு வந்தேன். நான் இறங்கறதுக்குள்ள அக்காளும் தங்கச்சியும் உன் படகை என் வண்டி மேல கட்டிக்கிட்டுப் பறந்துட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு வருவாங்களாம். உன்னைப் பாத்துக்கச் சொன்னா."

வைனோ கொல்லைப்புறம் ஓடினார். படகு இல்லை. கூடாரம் இல்லை. தூண்டில் இல்லை. மரத்திலிருந்த உருளைக்கிழங்கு மூட்டைகூட இல்லை.

"ஏதோ ஏரின்னாங்க" என்றார் பின்னாலேயே வந்த எல்மர். "உனக்குத் தெரியுமா? வாடகைக்கு ஒரு படகு எடுத்துக்கிட்டுப் பின்னாலேயே போலாமா?"

தெரியும் என்றால் ஏரி போச்சு. தெரியாது என்றால் இந்த வாரம் போச்சு.

"எனக்கெப்படித் தெரியும்?" என்றார் வைனோ, அழாத குறையாக.

அந்த வாரத்தை விவரிக்க வேண்டாம். டோஸ்டர், தபால் பெட்டி, வைனோவின் கடிகாரம் ஆகியவை ரிப்பேர் ஆயின. இரண்டு நாள் கழிந்ததும் வைனோவுக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது. அவள் பத்திரமாக இருக்கிறாளா? கரடி ஜிப்பைத் திறக்கும் என்று தான் அளந்த கதையெல்லாம் இப்போது அவருக்கே உண்மையாகப் பட்டது. அவள் இல்லாத வீடு நன்றாகவே இல்லை. ராத்திரி மழை பெய்தால் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த சனிக்கிழமை சவுனாவுக்குப் போனார்கள். கதவிடுக்கில் கட்டையைப் பார்த்த எல்மர், "இதென்ன இங்கே?" என்று அதை எடுத்து அடுப்பில் போட்டார். கதவு சாத்திக்கொண்டது.

இருவரும் தட்டினார்கள். கத்தினார்கள். கல்லிலிருந்து ஆவி எழும்பியது.

"சகலை, மனசுல இருக்கறதைக் கேக்கறேன்" என்றார் வேர்த்து வழிந்த எல்மர். இந்தத் தடவை அவர் குரலில் விளையாட்டு இல்லை. "எனக்கும் ஆய்லியை நினைச்சா பயமா இருக்கு. உனக்கு அந்த இடம் தெரியும். எந்த ஏரி? சொல்லு, போய்க் கூட்டிட்டு வந்துடலாம்."

ஏரியா பெரிது? மீனா பெரிது? ஹில்க்காவைவிடவா?

"எல்மர்... லாரிப் பாதை முடிஞ்சதும் ஒரு ஓடை..."

கதவு திறந்தது. மர்டோ துண்டோடு நின்றார்.

"சத்தம் கேட்டுது. என்ன, ரெண்டு பேரும் வெந்தாச்சா? உங்க வீட்டம்மாங்க வந்தாச்சுப்பா, வாசல்ல வண்டி நிக்குது."

வைனோ இடுப்புத் துண்டோடு ஓடினார். ஹில்க்கா வண்டியிலிருந்து இறங்கினாள். முகமெல்லாம் ஈக்கடி, முழங்கால் வரை சேறு, சிரிப்பு மட்டும் காது வரை இருந்தது. அவளும் ஆய்லியுமாகச் சேர்ந்து ஒரு மீனை இறக்கினார்கள். அதற்குப் பக்கத்தில் கூடத்துச் சுவரிலிருக்கும் மீனை வைத்தால் அதன் பேரப்பிள்ளை என்றுதான் சொல்ல வேண்டும்.

எல்மர் வாயைப் பிளந்தார். "எந்த ஏரி, ஹில்க்கா?"

வைனோ மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"மீன் பிடிச்ச இடத்தை யாராவது சொல்லுவாங்களா, எல்மர்?" என்று ஹில்க்கா வடக்குப் பக்கம் கையை வீசினாள்.

வைனோவுக்குப் போன உயிர் வந்தது. அவளை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மீனைத் தூக்கும் சாக்கில் அவள் காதருகே குனிந்தார்.

"நம்ம ஏரியில இவ்வளவு பெரிசா?"

"உன் ஏரியா? அங்கே சுண்டுவிரல் சைஸ்ல நாலு அட்டைதான் இருந்துது. நாங்க அதைத் தாண்டி வேற ஏரிக்குப் போயிட்டோம்."

"வேற ஏரியா? எங்கே?"

ஹில்க்கா துடுப்பைத் துடைத்தாள்.

"சரி, ஹில்க்கா. செப்டம்பர்ல என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

"அதுக்கென்ன, வாயேன்" என்றாள். "கண்ணைக் கட்டிக்கிட்டு வரதா இருந்தா வா."