சீரியல் செட் காட்டிய அருந்ததி

ஆரணியில் தாலி கட்டிக்கொண்டவர்கள் அத்தனை பேரும் பொய்யர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, அதே வீட்டில் உட்கார்ந்து காபியும் குடித்துவிட்டு வரக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் சீரியல் செட்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். இந்தக் கட்டுரைக்காக விசாரித்தேன். அவர் மனைவி மல்லிகா அக்காவே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எதுக்குங்க அதெல்லாம், சீரியல் செட்டுன்னே போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். கல்யாணமோ, கோயில் திருவிழாவோ, கட்சிக் கூட்டமோ, மரத்துக்கு மரம் சின்ன பல்பு மாலை கட்டி, வாசலில் 'நல்வரவு' என்று மின்னி மின்னி எரியவிடுவது அவர் தொழில். அதே தெருவில் எனக்கு போட்டோ ஸ்டுடியோ. அவர் வெளிச்சம் போடுவார், நான் படம் எடுப்பேன், இரண்டு பேரும் கடைசிப் பந்தியில் சேர்ந்து உட்கார்ந்து ரசம் இல்லை என்று சமையல்காரரோடு சண்டை போடுவோம். அப்படி ஒரு சினேகிதம்.

வானப் பைத்தியம் அவரைப் பிடித்தது ஒரு கோயில் திருவிழாவில். மூங்கில் சாரத்தின் உச்சியில் உட்கார்ந்து அம்மன் உருவத்துக்கு பல்பு கட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. இருட்டில் இறங்க முடியாமல் மேலேயே மாட்டிக்கொண்டவர், வேறு வேலை இல்லாமல் அண்ணாந்து பார்த்திருக்கிறார். கீழே வந்ததும் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"தம்பி, எனக்கு முன்னாடியே எவனோ வந்து சீரியல் செட்டு போட்டு வெச்சிட்டுப் போயிருக்கான்யா! ஒயரே தெரியல. ஒரு பல்பு கூட ஃபியூஸ் ஆவல!"

அடுத்த வாரம் பைனாகுலர் வந்தது. பிறகு சென்னையில் யாரோ வேண்டாம் என்று விற்ற டெலஸ்கோப்பை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தார். போர்வெல் பைப்பெல்லாம் பஸ்ஸில் ஏற்றக்கூடாது என்று சண்டை பிடித்த கண்டக்டருக்கு, ஆரணி பஸ் ஸ்டாண்டிலேயே அதைப் பிரித்து நிறுத்தி நிலாவைக் காட்டினார். கண்டக்டர் பார்த்தார், டிரைவரைக் கூப்பிட்டார், பிறகு பஸ்ஸே இறங்கி வந்து வரிசையில் நின்றது. செய்யாறு போக வேண்டியவர்கள் அன்று வீட்டுக்குத் தாமதமாகப் போனார்கள்.

இதற்குப் பிறகு சும்மா இருப்பாரா? 'ஆரணி வட்டார வானம் பார்ப்போர் சங்கம்' பிறந்தது. உறுப்பினர்கள் மூன்று பேர். அவர், நான், சர்ச் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்த எஸ்தர் டீச்சர். நான் சேர்ந்தது தப்பிக்க வழியில்லாமல். ஊரில் யாரைக் கூப்பிட்டாலும், "வானத்துல இன்னா இருக்குது, மழை வருதான்னு பாக்கவா?" என்று கேட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்கள்.

சங்கத்தைக் காப்பாற்றியவை என் கல்யாண ஆல்பங்கள். ஒரு நாள் ஸ்டுடியோவில் டீ வரும்வரை பொழுதுபோகாமல் ஒவ்வொரு ஆல்பமாகப் புரட்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்.

"எல்லா ஆல்பத்துலயும் ஒரு படத்துல ஐயரு விரலை நீட்டறாரு, பொண்ணும் மாப்ளையும் வாயைப் பொளந்துகினு மேலே பாக்கறாங்க. இன்னாத்த பாக்கறாங்க?"

"அருந்ததிண்ணே. சடங்கு."

"காலைல ஒம்பது மணிக்கா?"

"ஐயரு காட்டறாரு, அவங்க பாத்தேன்னு சொல்றாங்க, நான் கிளிக் பண்றேன். உங்களுக்கு இன்னா நோவுது?"

"மேலே ஃபேன் சுத்துது. அதுக்கு மேலே தகர ஷீட்டு. பாத்தேன்னு அக்கினி முன்னாடி எப்பிடிய்யா சொல்லலாம்?"

கண்ணில் ஒரு பளபளப்பு. ஐயையோ என்று நினைத்தேன். நினைத்தது சரிதான். அந்த வாரத்திலிருந்து எல்லாக் கல்யாணங்களிலும் தாம்பூலப் பை கொடுக்கும் இடத்தில் போய் நின்றுகொண்டார். மாலையும் கழுத்துமாக வரும் ஜோடியை மறித்து ஒரே கேள்வி.

"அருந்ததி பாத்தீங்களா?"

"பாத்தோம்ணா."

"எங்க?"

"மேலே..."

"பொய். ஃபேனைப் பாத்தீங்க. ஞாயித்துக்கெழம பொழுது சாஞ்சதும் களம்பூர் ரைஸ் மில் களத்துக்கு வாங்க. நிஜமானதைக் காட்டறேன். வரலேன்னா வூட்டுக்கே வருவேன்."

சொன்னதுபோலவே வீட்டுக்குப் போனார். அந்தக் காபிக் கதை அப்படி வந்ததுதான். புது ஜோடிகளோடு விட்டாரா? நாற்பது வருஷத்துக்கு முன்னால் கல்யாணமானவர்களையும் கேட்டார். நெல் காயவைக்கும் சிமெண்ட் களம் நல்ல இருட்டு. படுதாவை விரித்து, ஜோடி ஜோடியாக மல்லாக்கப் படுக்கவைத்து, வடக்கே அகப்பை மாதிரி இருக்கும் ஏழு நட்சத்திரத்தைக் காட்டுவார். "அகப்பைக் காம்புல நடு நட்சத்திரம் வசிஷ்டரு. அவரை ஒட்டிகினு பொடிசா ஒண்ணு கீது பாரு, அதான் அருந்ததியம்மா." முள்ளிப்பட்டிலிருந்து தறியை நிறுத்திவிட்டுக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். சேத்துப்பட்டிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தது. அருந்ததிக்காக வந்தவர்கள் டெலஸ்கோப்பில் சனி வளையத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் மாமியாரோடு வந்தார்கள்.

"எங்க சர்ச் கல்யாணத்துல அருந்ததி கெடையாதே அண்ணே" என்றார் எஸ்தர் டீச்சர்.

"அப்ப நீங்க பொய் சொல்லாதவங்க டீச்சர். முன்வரிசைல படுங்க."

களத்தில் சண்டைக்கும் குறைவில்லை. முள்ளிப்பட்டு ஜோடி ஒன்று, இரண்டு நட்சத்திரம் என்று மனைவியும், ஒன்றுதான் என்று கணவனும் குரலை உயர்த்தி, கடைசியில் "எங்கப்பன் வூட்டுல யாரும் குருடு இல்ல" என்ற அளவுக்குப் போய்விட்டது. மறுநாள் கணவரைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப்போனால், அந்த மனிதருக்குக் கடைப் பலகையே தெரியவில்லை. அதற்குப் பிறகு வாரத்துக்கு நாலு பேர் அந்தக் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள். கடைக்காரர் மகிழ்ந்துபோய் சங்கத்துக்கு இரண்டு படுதா வாங்கிக் கொடுத்தார்.

ஐயர்தான் கொதித்துவிட்டார். "யோவ், என் பொழப்புல மண்ணைப் போடறியா? நான் காட்டறது திசைய்யா, திசை!"

"சரி சாமி. நீங்க காட்டற திசைல டைனிங் ஹாலு இருக்குது. வடக்கு உங்களுக்குப் பின்னால."

ஐயர் திரும்பிப் பார்த்தார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! எத்தனையோ வருஷமாக அந்த மண்டபத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்கள் எல்லோரும் சாம்பார் வாளி இருக்கும் பக்கம் பார்த்துத்தான் சத்தியம் செய்திருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு, மஃப்ளரால் முகத்தை மூடிக்கொண்டு ஒருவர் மாமியுடன் களத்தின் ஓரத்தில் படுத்திருந்தார். யாரென்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை.

இப்படி ஊருக்கெல்லாம் அருந்ததி காட்டியவர் ஒரே ஒருத்திக்குக் காட்டவில்லை. அவர் வீட்டுக்காரிக்கு.

அருந்ததி சாயங்கால வானத்தில் நன்றாக ஏறி நிற்பது வைகாசி, ஆனி, ஆடியில். வைகாசி ஆனியில் முகூர்த்தம், ஆடியில் கூழ் ஊற்றும் திருவிழா. அவர் ஏதாவது ஒரு மரத்தின் மேல் இருப்பார். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை களத்துக்கு அக்காவும் வருவார்தான். ஆனால் வந்தவுடன் டீ கேனும் பேப்பர் கப்பும் அவர் கைக்கு வந்துவிடும். கடைசி ஆளுக்கு ஊற்றி முடிப்பதற்குள் மேகம் வந்துவிடும், இல்லையென்றால் வேன் கிளம்பிவிடும். வீட்டு மாடியில் பார்க்கலாம் என்றால் தெருமுனை ஹைமாஸ் விளக்கு இரவைப் பகலாக்கி வைத்திருந்தது. அந்த வெளிச்சத்தில் வசிஷ்டர் மட்டும் தெரிவார், அருந்ததி தெரியாது.

"அதான பாத்தேன்" என்றார் மல்லிகா அக்கா. "எங்க போனாலும் புருஷன் மட்டும்தான் தெரிவான்."

அதோடு விடவில்லை. அவர்கள் கல்யாணத்துக்கு அந்த வருஷம் வெள்ளி விழா. என்னையும் டீச்சரையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு கெடு விதித்தார்.

"இந்த வைகாசி தாண்டறதுக்குள்ள எனக்குக் காட்டணும். டீ ஊத்தச் சொல்லாம, பக்கத்துல நின்னு, கையை நீட்டி, எனக்கே எனக்குன்னு காட்டணும். இல்லேன்னா மாடில கீதே அந்தக் கொழா, பழைய இரும்புக் கடைக்குப் போய்டும். அப்பறம் சங்கமாவது, சனி வளையமாவது!"

அக்கா சொன்னால் செய்கிற ஆள். அதற்கு முன்னால் வீட்டுக்காரருடைய பழைய மொபெட் அப்படித்தான் போனது. சீரியல் செட் பயந்துபோய்விட்டார். டெலஸ்கோப் போனால் சங்கம் போனது மாதிரி. அதைவிட, அக்கா சொன்னதில் நியாயம் இருந்ததுதான் அவரைக் குடைந்தது. "கரெக்டாதான் கேக்கறா தம்பி. நானும் அன்னிக்கு ஃபேனைத்தான் பாத்தேன்" என்றார் என்னிடம். ஆனால் வைகாசி முழுக்க ஒரு சாயங்காலம்கூட அவருக்கு ஒழியவில்லை.

மாதத்தின் கடைசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள், ஒரு பட்டு முதலாளி வீட்டு வரவேற்பு. மண்டபம் போதாமல் பக்கத்து மைதானத்தில் திறந்தவெளி மேடை. "தெருமுனைல இருந்து பட்டப்பகல் மாதிரி இருக்கணும்" என்று முதலாளி கட்டளை. சீரியல் செட் பணிவாக, நடுவில் அஞ்சு நிமிஷம் அணைத்து அருந்ததி காட்டலாமா என்று கேட்டிருக்கிறார்.

"வெளக்கு போடத்தான் உன்னைக் கூப்ட்டேன், அணைக்கறதுக்கு இல்ல. அணைச்சே, இந்த ஊர்ல உனக்கு ஒரு கல்யாணம் கெடைக்காது" என்று முதலாளி முடித்துவிட்டார்.

பொழுது சாய்ந்து, கூட்டம் நிறைந்து, பாட்டுக் கச்சேரி உச்சத்தில் இருந்த நேரம். டப்பென்று ஊர் முழுக்கக் கரண்ட் போனது. ஹைமாஸ் போனது, கடைத்தெரு போனது. ஜெனரேட்டர் ஓடியதால் எங்கள் மைதானம் மட்டும் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது. நான் பேட்டரி சார்ஜ் போட ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றிருந்தேன். மல்லிகா அக்கா அவருக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு அப்போதுதான் வந்து சேர்ந்தார். வேர்த்து விறுவிறுத்திருந்தார்.

சீரியல் செட் வானத்தைப் பார்த்தார். மேகம் துளி இல்லை. மேடையில் இருந்த முதலாளியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு என்னிடம், "ஃபிளாஷ் போட்டே, கையை ஒடிப்பேன்" என்றார்.

ஜெனரேட்டர் நின்றது.

அப்படி ஒரு இருட்டை நான் ஆரணியில் பார்த்ததில்லை. "ஏய், இன்னாடா ஆச்சு!" "நகையைப் புடிச்சிக்கோடீ!" "ஜல்தி போடுங்கய்யா, கொழந்தை அழுவுது!" ஒரே கூச்சல். அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து மந்திரம் சொல்லிப் பழகிய குரல் ஒன்று மைக் இல்லாமலே கணீரென்று எழுந்தது.

"யாரும் பயப்படாதீங்கோ! வடக்கே பாருங்கோ! அகப்பைக் காம்புல நடு நட்சத்திரம்!"

ஐயர்! அடுத்து பெண்கள் பக்கம் எஸ்தர் டீச்சர். பிறகு முள்ளிப்பட்டுக்காரர்கள், களம்பூர் மில்காரர்கள், கண்ணாடிக் கடைக்காரர். அங்கங்கே கை நீண்டது, அங்கங்கே "த்தோ, தெரியுதா?" என்று குரல் கேட்டது. சங்கத்து ஆட்கள் இத்தனை பேரா என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. மணப்பெண் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து, "ரெண்டு இருக்குது, ரெண்டு இருக்குது!" என்று குதித்தாள்.

ஊருக்கெல்லாம் காட்டியவர் அன்று யாருக்கும் காட்டவில்லை. ஜெனரேட்டர் பக்கத்தில் அக்காவை ஒட்டி நின்று, கையை நீட்டியிருந்தார். முகம் எனக்குத் தெரியவில்லை, குரல்தான் கேட்டது.

"தெரியுதா மல்லி?"

"இருங்க... ம். தெரியுது."

"எத்தினி?"

"ரெண்டு. பெரிசு பக்கத்துல பொடிசா. இம்மாம் பக்கத்துலயா இருக்குறா அவ?"

"ஆமா."

"சரி, போடுங்க வெளக்கை. சோறு ஆறுது."

நான் கேமராவைக் குரல் வந்த பக்கம் திருப்பி ஒரு படம் எடுத்தேன். சொன்னபடி ஃபிளாஷ் போடவில்லை.

விளக்கு எரிந்ததும் முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாக வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். வந்தவர் சீரியல் செட்டின் சட்டையைப் பிடித்து, தாழ்ந்த குரலில் கேட்டார். "யோவ், எம் பொண்டாட்டி ரெண்டு தெரியுதுன்றா. எனக்கு ஒண்ணுதான்யா தெரிஞ்சுது. நெஜமா எத்தினி?"

மறுநாளே அவரும் கண்ணாடிக் கடைக்குப் போனார். அதற்காக மன்னித்துவிட்டார் என்று அர்த்தமில்லை. இனிமேல் என் வீட்டுக் கல்யாணத்துக்கு உன்னைக் கூப்பிடவே மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சபதம் செய்தார். அவருக்கு இருந்தது ஒரே பெண். அந்த ஆனியில் வந்த மூன்று கல்யாண வீட்டார், அஞ்சு நிமிஷம் அணைப்பதும் சேர்த்துத்தானே என்று கேட்டு அட்வான்ஸ் கொடுத்தார்கள். டெலஸ்கோப் மாடியிலேயே இருக்கிறது. டீயை இப்போது ஐயர் ஊற்றுகிறார்.

அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடு என்று சீரியல் செட் வந்து நின்றார். கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். மூலைக்கு மூலை கன்னங்கரேல்.

"ஒண்ணுமே விழலண்ணே. வெறும் கருப்பு."

"நானும் மல்லியும் நிக்கறோம் பாரு. உனக்குத் தெரியலேன்னா நீயும் கண்ணாடி போடு."

நான் வேலூருக்குக் கடையை மாற்றிக்கொண்டு வந்து கொஞ்ச காலமாகிறது. போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவரில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. ஒன்றில் சின்ன வயசு சீரியல் செட்டும் மல்லிகா அக்காவும் வாயைப் பிளந்துகொண்டு ஃபேனைப் பார்க்கிறார்கள். இன்னொன்று சட்டம் போட்ட கருப்பு. அதற்கு மட்டும் பூ வைத்திருந்தார் அக்கா. வந்திருந்த விருந்தாளி ஒருவர் கருப்பைக் காட்டி, இது என்ன படம் என்று கேட்டார். "எங்க கல்யாண போட்டோ" என்று சொல்லிவிட்டு அக்கா காபி போட உள்ளே போனார்.

எத்தனையோ கல்யாணம் எடுத்துவிட்டேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.