விக்கல் இல்லாத தொகுப்பு

விக்கலை வரலாற்றிலிருந்தே நீக்கிவிடுவது என்று நம்மவர் செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கும்போது முடிவெடுத்தார். பெரிய முடிவுகளை அவர் பல் துலக்கும்போதுதான் எடுப்பார். வாயில் நுரை இருக்கும் நேரத்தில் மட்டும்தான் வீட்டில் யாரும் அவரிடம் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

நம்மவரும் அவர் மனைவியும் ஒரு காலத்தில் ஜோடியாகப் பாடியவர்கள். ஜோடியின் பெயர் ‘ஒன்றரை’. மனைவி நல்ல உயரம், நம்மவர் அப்படியில்லை. முதல் ஒலிப்பதிவில் இருவரும் மாறி மாறி ஒரே மைக்கில் பாட, அதை ஏற்றி இறக்கிக் கை வலித்துப்போன ஒலிப்பதிவாளர் எரிச்சலில் வைத்த பெயர் அது. ஒன்று யார், அரை யார் என்று நம்மவர் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. கேட்காத வரைக்கும் தாம்தான் ஒன்று என்று நம்பிக்கொண்டிருக்கலாம்.

அவர்கள் தொடாத ரகம் கிடையாது. தாலாட்டுக்கு ராக் தாளம் போட்டார்கள். சோகப் பாட்டை டிஸ்கோவாக்கினார்கள். ஜாஸில் ஆரம்பித்த ஒரு பாட்டு ராணுவ அணிவகுப்பில் போய் முடிந்தது. இவர்களை எந்த அடுக்கில் வைப்பது என்று கேசட் கடைக்காரர்கள் திண்டாடினார்கள். ஒரு கடையில் குழந்தைகள் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இன்னொரு கடையில் உடற்பயிற்சிப் பாடங்களோடு சேர்த்தார்கள். மூன்றாவது கடையில் காலி கேசட் அடுக்கில் இருந்தது. அந்தக் கடைக்காரர் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் அங்கே வைத்தார் என்று மனைவி இன்றைக்கும் சொல்வார்.

இருபத்திரண்டு வருஷம், ஆறு ஆல்பம். பிறகு காலம் மாறியது. இப்போது நம்மவர் காது கேட்கும் கருவி விற்கும் கடையில் வேலை பார்க்கிறார். மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். ஒருவர் கேட்க வைக்கிறார், இன்னொருவர் கேட்கும்படி பேசுகிறார் என்று நம்மவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்; யாரும் சிரிப்பதில்லை.

இந்த நிலையில்தான் கம்பெனியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். ‘ஒன்றரை’யின் ஆறு ஆல்பத்திலிருந்தும் பொறுக்கியெடுத்து ஒரே தொகுப்பாக வெளியிடப் போகிறார்களாம். பதினெட்டுப் பாட்டு. பட்டியலில் கணவன் மனைவி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பதினேழு பாட்டு ஒரு மாலைக்குள் முடிவாகிவிட்டது. பதினெட்டாவதில்தான் சண்டை வந்தது.

மனைவி கேட்டது விக்கல் பாட்டு.

அது மூன்று நிமிஷப் பாட்டு. முழுக்க மனைவிதான் பாடுவார். நடுவில் நம்மவருக்கு ஒரே ஒரு வரி. பதிவன்று, தம் வரி வர நேரமிருக்கிறதே என்று நம்மவர் காய்ந்த பிஸ்கட் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். வரி வந்தது, வரிக்குப் பதில் விக்கல் வந்தது. ஒன்றல்ல, மூன்று. மூன்றும் கச்சிதமாகத் தாளத்தில் விழுந்தன. ஒலிப்பதிவாளர் மேசையில் கவிழ்ந்து சிரித்தார். மனைவி, “இது அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். ‘ஒன்றரை’ பாடியதில் ஊரெல்லாம் ஓடிய பாட்டு அது ஒன்றுதான். அன்றிலிருந்து நம்மவர் விக்கல்காரர். பேருந்தில் ஏறினால் பின் இருக்கையிலிருந்து யாராவது விக்குவார்கள். கடைக்கு வரும் பெரியவர்கள், கருவியைக் காதில் மாட்டியதும், “சார், அந்த விக்கலைக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க, கேக்குதான்னு பாப்போம்” என்பார்கள்.

நம்மவர் கேட்டது ‘காலி நாற்காலியின் கனவு’. தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே தனியாகப் பாடியது. பதினோரு நிமிஷம். முதல் நான்கு நிமிஷம் காற்றுச் சத்தம் மட்டும். பாட்டைப் பதிவு செய்து முடிக்க நாற்பது டேக் ஆனது. அதுவே தம் வாழ்நாள் சாதனை என்பது நம்மவர் கருத்து.

“மேடையில நீங்க அதைப் பாடும்போதெல்லாம் நாற்காலிங்க கனவு பலிச்சுதேங்க,” என்றார் மனைவி. “மூணாவது நிமிஷத்துலயே எல்லாம் காலி.”

“இது கடைசித் தொகுப்பும்மா. நான் போனப்புறம் இதைத்தான் எடுத்துக் கேப்பாங்க. ஒரு மனுஷனை விக்கலாவா ஞாபகம் வெச்சுக்கணும்?”

இதைச் சொல்லும்போது நம்மவர் குரல் நிஜமாகவே கம்மியது. மனைவி துணி மடிப்பதை நிறுத்தி ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு, “சரி, வழக்கம்போலப் பாத்துக்கலாம்” என்றார்.

வழக்கம் என்றால் முணுமுணுப்பு விதி. முதல் ஆல்பத்தின்போது ஒரு பாட்டுக்காக எட்டு நாள் வாய்ச்சண்டை போட்டுக் களைத்த பிறகு இருவரும் சேர்ந்து செய்துகொண்டது. தகராறுள்ள பாட்டை ஆளுக்கொரு தடவை ஒலிபெருக்கியில் போட வேண்டும். மூன்று நாளைக்குள், வேறு வேலை செய்துகொண்டிருக்கும்போது, தன்னையறியாமல் யார் எதிராளியின் பாட்டை முணுமுணுக்கிறாரோ அவர் தோற்றார். மூன்று நாளும் யார் வாயும் அசையாவிட்டால் இரண்டு பாட்டும் வெளியே. தோற்றவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரியக் கூடாது என்பதற்காக ஓர் ஆறுதல் பரிசும் உண்டு: ஆல்பத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை அவருக்கு. ‘பிரபஞ்சத்தின் பெருமூச்சு’, ‘மௌனத்தின் முதுகெலும்பு’ என்று ஆறு ஆல்பத்துக்கும் பெயர் வைத்தவர் நம்மவர். ஆறு தடவையும் அவர்தான் தோற்றார் என்பது இதிலிருந்து விளங்கும்.

இந்தத் தடவை தோற்பதில்லை என்பதுதான் பல் துலக்கும்போது எடுத்த முடிவு.

செவ்வாய் கடைக்கு விடுமுறை. நண்பகலில் இரண்டு பாட்டும் ஒலித்தன. கெடு, வெள்ளி நண்பகல். நம்மவர் உடனே வேலையில் இறங்கினார். ஒலிபெருக்கியில் ஒரு தடவைதான் போடலாம். ஆனால் அழைப்பு மணி ஒலிபெருக்கியாகாது. வாசல் மணியைக் கழற்றி, அழுத்தினால் ‘காலி நாற்காலி’ ஒலிக்கும்படி மாற்றி மாட்டினார். வருகிறவர்கள் அழுத்த அழுத்த மனைவியின் காதில் மெட்டு ஏறும் என்பது கணக்கு. பாட்டின் முதல் நான்கு நிமிஷம் காற்று என்பதை அவர் மறந்துவிட்டார். பார்சல்காரர் அழுத்திப் பார்த்தார். உள்ளே காற்றடித்தது. மணி கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் போய்விட்டார். பார்சலில் இருந்தது நம்மவருக்கு வர வேண்டிய மூக்குக் கண்ணாடி.

அடுத்து, தற்காப்பு. தம் வாய் தம்மைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. வீட்டில் சூயிங்கம் மென்றார். புதன்கிழமை கடையில், யாராவது விக்கல் பாட்டைப் போட்டுவிடப் போகிறார்கள் என்ற பயத்தில், விலை உயர்ந்த கருவிகள் இரண்டை இரு காதிலும் மாட்டி அணைத்து வைத்துக்கொண்டார். அடைப்பானுக்கு அடைப்பான், விளம்பரத்துக்கு விளம்பரம். காது கேட்காத வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். அவர் கேட்டது இவருக்குக் கேட்கவில்லை, இவர் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. இருவரும் திருப்தியாகக் கைகுலுக்கிப் பிரிந்தார்கள். முதலாளி மட்டும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய ஆயுதத்தை நம்மவர் புதன் மாலைக்கு வைத்திருந்தார். கீழ்வீட்டில் ஒரு பல் மருத்துவர். மனைவிக்கு அன்று கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பவரால் பாட்டை நிறுத்தச் சொல்ல முடியாது. நம்மவர் மருத்துவரைத் தனியே பிடித்து, சிகிச்சை முடியும்வரை ‘காலி நாற்காலி’யைத் திரும்பத் திரும்ப ஓடவிடும்படி கேட்டுக்கொண்டார். போட்டி விவரத்தைக் கேட்டுக்கொண்ட மருத்துவர், அது விதிக்கு உட்பட்டதா என்றார். உங்களுடைய ஒலிபெருக்கி, எங்களுடையதல்ல என்று நம்மவர் விளக்கினார்.

ஒரு மணி நேரம் கழித்து மருத்துவர் மாடிக்கே ஏறி வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

“சார், அற்புதமான பாட்டு.”

நம்மவருக்கு நெஞ்சு நிறைந்தது. “முணுமுணுத்தாங்களா?”

“குறட்டை விட்டாங்க. மரத்துப்போற ஊசி பாதி டோஸ்தான் போட்டேன். நாளைக்கு ஒருத்தருக்கு நாலு பல் எடுக்கணும், அந்தப் பாட்டை வெச்சுக்கலாமா?”

பின்னாலேயே ஏறி வந்த மனைவியின் வாய் ஒரு பக்கம் மரத்திருந்தது. மரப்பு விடுவதற்குள் படுத்துத் தூங்கிவிட்டார்; வியாழன் காலைவரை முணுமுணுப்புக்கு வழியில்லை. நம்மவர் தம் ஆயுதத்தாலேயே அரை நாளை இழந்தார்.

இவ்வளவு நடந்தும் மனைவி பதிலுக்கு ஒன்றும் செய்யவில்லை. விக்கல் பாட்டை எங்கும் ஒலிக்கவிடவில்லை, யாரையும் ஏவிவிடவில்லை. வேலைக்குப் போனார், வந்தார், புத்தகம் படித்தார். இது நம்மவரை முதலில் கலவரப்படுத்தியது. பிறகு, மனைவி பயந்துவிட்டார் என்று தீர்மானித்துக்கொண்டார். முப்பது வருஷ இல்லறத்தில் மனைவி எதற்காவது பயந்து அவர் பார்த்ததில்லை. ஆனாலும் தீர்மானித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணி. மனைவிக்கு மதியப் பணி. சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நம்மவர் கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி நாற்காலியில் இருந்தார். கெடுவுக்கு அரை மணிதான் பாக்கி.

இஸ்திரிப் பெட்டி காலரைத் தாண்டிக் கைப்பகுதிக்கு வந்தது. அப்போது கேட்டது. மெல்ல, மூக்காலே, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல்: ‘காலி நாற்காலியின் கனவு’, கடைசிச் சரணம். காற்றெல்லாம் ஓய்ந்து பாட்டு வரும் இடம்.

நம்மவர் மூச்சுக்கூட விடவில்லை. ஒரு முழு வரி முடியட்டும் என்று காத்திருந்து, முடிந்ததும் துள்ளி எழுந்தார். செய்தித்தாள் ஆறு பக்கமாகப் பறந்தது.

“பாடிட்ட! நீ பாடிட்ட!”

மனைவி பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு வாயைத் தொட்டுப் பார்த்தார். “பாடிட்டேனா? அடடா.”

இந்த ‘அடடா’வில் ஒரு கவனமுள்ள மனிதர் ஏதாவது மோப்பம் பிடித்திருப்பார். நம்மவர் அதற்குள் கம்பெனிப் பெண்ணை அழைத்து, ஒலியைக் கூட்டி, போனை இஸ்திரி மேசை மேல் வைத்துவிட்டார். பதினெட்டாவது பாட்டு முடிவாகிவிட்டது, அது இன்னது, மனைவியும் சம்மதம் என்று அறிவித்தார். விக்கல் பாட்டு இல்லாமலா என்று அந்தப் பெண் ஈனக்குரலில் கேட்டாள். இல்லாமல்தான் என்றார் நம்மவர். இருபது வருஷமாகச் சொல்லக் காத்திருந்த சொல் போல அது வாயில் இனித்தது.

சரி, தொகுப்புக்குப் பெயர் என்ன என்று கேட்டாள் அவள்.

“எழுதிக்கம்மா. ‘நித்தியத்தின்…’”

“என்னங்க,” என்றார் மனைவி, சட்டையின் மறுபக்கத்தைத் திருப்பிக்கொண்டே. “பேரு நான்ல வைக்கணும்?”

ஆறு தடவை தோற்று ஆறு பெயர் வைத்தவர் நம்மவர். ஜெயித்தால் என்ன ஆகும் என்று யோசிக்க அவருக்கு இதுவரை சந்தர்ப்பமே வாய்க்கவில்லை.

“எழுதிக்கம்மா,” என்றார் மனைவி, பேருந்து நிலையக் குரலில். “‘விக்கல்’. கீழ சின்னதா, ‘ஒன்றரையின் முழுத் தொகுப்பு’.”

எதிர்முனையில் அந்தப் பெண்ணுக்கு உயிர் வந்தது. அருமையான பெயர் என்றாள். ஆனால் விக்கல் என்று பெயர் வைத்துவிட்டு அந்தப் பாட்டு உள்ளே இல்லாவிட்டால் வாங்கியவர்கள் சும்மா விடமாட்டார்களே என்றாள். தலைப்புப் பாட்டு என்பதால் கூடுதலாகச் சேர்த்துவிடலாம், பட்டியலில் மொத்தம் பத்தொன்பது, தலைப்புப் பாட்டுதானே முதலில் வரும் என்று அவளே கேட்டு அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

நம்மவர் போனைக் கையால் பொத்தினார்.

“நீ தெரிஞ்சேதான் பாடின.”

“அப்படியா சொல்றீங்க?”

“விதிப்படி தன்னையறியாமப் பாடணும்.”

“அப்போ நான் பாடுனது செல்லாது. காலி நாற்காலி வெளியே. கெடுவுக்கு இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு, ரெண்டு பேருமே பாடலேன்னா ரெண்டு பாட்டும் இல்ல. சொல்லிடலாமா?”

நம்மவர் கணக்குப் போட்டார். தெரிந்து பாடினார் என்றால் நாற்காலி போச்சு. தெரியாமல் பாடினார் என்றால் விக்கல் வந்தாச்சு. இரண்டு பக்கமும் கதவு வைத்த பொறி. எந்தக் கதவும் வெளியே திறக்கவில்லை. பதினோரு நிமிஷப் பாட்டை நாற்பது டேக் எடுத்தவருக்கு அதைக் கைவிட மனசு வரவில்லை. கையைப் போனிலிருந்து எடுத்தார்.

“தெரியாமத்தான் பாடினா,” என்றார்.

மனைவி சீருடையை மாட்டிக்கொண்டு, கதவருகே நின்று பொத்தான் போட்டார். “ஒண்ணு சொல்லவா? நாற்பது டேக்குலயும் நீங்க ஒரு பெரிய பாடகர் மாதிரி பாடினீங்க. அந்த மூணு விக்கல்லதான் நீங்க இருந்தீங்க. நான் அதைத்தான் இருக்கட்டும்னேன்.”

பேருந்துக்கு நேரமாயிற்று என்று மனைவி கிளம்பிவிட்டார். மேசை மேல் போன் இன்னும் உயிரோடுதான் இருந்தது. கம்பெனிப் பெண் தயங்கித் தயங்கி ஒரு கோரிக்கை வைத்தாள். வானொலி விளம்பரத்துக்குப் புதிதாக ஒரே ஒரு விக்கல் வேண்டுமாம். சார் மனசு வைத்தால் திங்கட்கிழமை ஒலிப்பதிவு.

திங்களன்று நம்மவர் போனார். மைக்கைத் தம் உயரத்துக்கு இறக்கச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து காய்ந்த பிஸ்கட் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரே டேக்கில் ஓகே ஆனது.