மாமனார் மூக்கில் என் கைவண்ணம்

என் கால் ஒடிந்ததைப் பற்றி எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது. அது சரியாகிப்போனதில்தான் வருத்தம். கால் ஒடிந்து கிடந்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். என்னைப் போல் அதை ரசித்துக் கிடந்தவன் திருவனந்தபுரம் கோட்டைக்குள் இன்னொருவன் இருந்திருக்க மாட்டான்.

ஒடித்துக்கொண்ட விதம் வீரமானது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஊரில் சர்க்கார் பஸ் ஓட ஆரம்பித்த புதிது. கிழக்கேகோட்டையில் வண்டி நிற்பதற்கு முன்பே குதித்து இறங்கினால் பார்க்கிறவர்கள் மெச்சுவார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். (பார்த்தது ஒரு காய்கறிக்காரியும் இரண்டு மாடுகளும்.) வலது கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது. அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா வேலை. அப்பா இல்லை, அம்மாவும் நானும்தான். நாகர்கோவிலை அடுத்த வடிவீஸ்வரத்தில் மங்களம் என்கிற பெண்ணை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். கல்யாணத்துக்கு இன்னும் நாலு மாதம்.

எலும்பைக் கட்டியவர் ஆசான். எங்கள் பக்கத்தில் எலும்பு வைத்தியரை அப்படித்தான் சொல்லுவோம். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டு, ஒரு பெரிய குப்பி நிறையத் தைலம் கொடுத்தார்.

"சாமி, தெனமும் நாலு நேரம். அடுத்தவங்க தடவுனா சரியாவாது, நீங்களேதான் தடவணும், கேட்டேளா?" என்றார்.

தடவினேன். காலுக்குப் போனது பாதி, என் இரண்டு கையிலும் முழங்கை வரை வழிந்தது பாதி. இரண்டு மாதம் நான் தொட்ட புத்தகம், விசிறி, அப்பளம் எல்லாம் தைலம் மணத்தன. இந்த விஷயத்தை வாசகர்கள் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் பத்து நாள் படுத்துக்கொண்டே எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். கல்யாணத்துக்காக ஊஞ்சல் பலகை செய்ய வந்திருந்த ஆசாரி இதைக் கொல்லைப்புறத்திலிருந்து கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருக்க வேண்டும். ஒருநாள் தன்னுடைய சின்னக் கடைசல் பட்டறையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இரண்டு மரக்கட்டைகளில் எதிரும் புதிருமாக இரண்டு இரும்பு முனைகள், நடுவே மரத்துண்டு. ஒரு வில்லின் கயிற்றைத் துண்டில் ஒரு சுற்றுச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்தால் துண்டு விர்ரென்று சுழலும். உளியை வைத்தால் சீவல் சுருள் சுருளாக வரும். ஒடிந்த காலைத் தலையணைமேல் நீட்டிக்கொண்டு, நல்ல காலின் விரல்களால் உளியை அணைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே செய்கிற வேலை. எனக்கென்றே கண்டுபிடித்ததுபோல் இருந்தது.

ஊஞ்சலுக்கு அறுத்ததில் மிஞ்சிய தேக்குத் துண்டுகளும் பலாத் துண்டுகளும் ஒரு கூடை இருந்தன. முதலில் ஒரு பம்பரம் கடைந்தேன். அது சுற்றவில்லை, படுத்துக்கொண்டது. இரண்டாவது பம்பரம் என்று ஆரம்பித்தது கடைசியில் புட்டிக்கு மூடியாயிற்று. ஆனால் ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. சொப்பு, சிமிழ், கிலுகிலுப்பை என்று வரிசையாக வந்தன. ஜன்னல் விளிம்பு முழுவதும் அடுக்கி வைத்து, போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்கும்படி கதவைத் திறந்தே வைத்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் கச்சேரியில் ஒருநாள்கூட இருந்ததில்லை.

"கல்யாணம் நிச்சயமான பிள்ளை கிலுகிலுப்பை பண்ணி அடுக்கறான். பாக்கறவா என்னடா நினைப்பா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்த நிலைமையில்தான் ஆசான் வந்து பத்தையைப் பிரித்துவிட்டு, "இனி நடக்கலாம் சாமி" என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். நடந்தால் கச்சேரிக்குப் போக வேண்டும். எங்கள் ஹெட் கிளார்க் அடுத்த தெருவில்தான் குடியிருந்தார், நான் எழுந்து நடந்தால் அன்றே அவருக்குத் தெரிந்துவிடும். ஆகவே காலைத் தரையில் ஊன்றி, "ஆ" என்றேன். மறுநாள், "ஐயோ" என்றேன். ஆசான் என் முகத்தைப் பார்த்தார், ஜன்னல் விளிம்பைப் பார்த்தார், ஒரு கிலுகிலுப்பையை எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான் போட்ட 'ஐயோ' நாற்பது மைல் தாண்டி வடிவீஸ்வரம் வரை கேட்டுவிட்டது. பையனுக்குக் கால் கூடவில்லை, ஆயுசுக்கும் நொண்டிதான் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பெண்ணின் அப்பா வெங்கிடாசலமையரிடமிருந்து கடிதம் வந்தது. 'பத்மநாபசுவாமி தரிசனத்துக்கு வருகிறோம், அப்படியே மாப்பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போகலாமென்று உத்தேசம்.' தரிசிக்க வருவது யாரை என்று எங்களுக்குத் தெரியாதா! அம்மா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அழுதாள். மங்களத்தை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அவள் தலை நிமிரவில்லை, நான் தலை குனியவில்லை. கால் போனாலும் போகட்டும், அவள் போகக்கூடாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

புத்தியுள்ளவனாக இருந்தால் அன்றே எழுந்து நடந்து பழகியிருப்பான். நான் என்ன யோசித்தேன் தெரியுமா? கால் கொஞ்சம் நொண்டினாலும் கை இருக்கிறதே, வருகிறவர்களுக்கு என் கையாலேயே கடைந்து பரிசு கொடுத்துவிட்டால் மயங்கிப்போவார்கள் என்று. மாமனாருக்கு ஒரு மூக்குப்பொடிச் சிமிழ், மாமியாருக்கு ஒரு குங்குமச் சிமிழ்.

கூடையில் துண்டு தீர்ந்துபோயிருந்தது. ஆசாரியோ தன் மகளின் பிரசவத்துக்கென்று ஊருக்குப் போயிருந்தார். அப்போதுதான் விதுரா மலைப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி விறகு வந்து கொல்லையில் இறங்கியது. தவழ்ந்துபோய்க் கிளறினேன். அடியில் கிடந்தது ஒரு துண்டு. மரம் வெளுப்பு, பட்டைக்கு அடியில் சுற்றிலும் கறுகறுவென்று பளபளக்கும் ஒரு வளையம், அரக்குப் பூசியதுபோல! மெருகு போடுகிற வேலையைக்கூட இயற்கையே செய்துவிட்டதே என்று எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. அந்தக் கறுப்பு வளையம் மூடியில் அழகாக விழும்படி இரண்டு சிமிழும் கடைந்தேன். அம்மாவுக்குக்கூடக் காட்டாமல் வாழைச்சருகில் சுற்றி வைத்தேன்.

அவர்கள் வந்தார்கள். வெங்கிடாசலமையர் பெரிய ஆகிருதி, அதற்குத் தகுந்த மூக்கு. ஒரு வாக்கியத்துக்கு ஒரு சிட்டிகைப் பொடி போடுவார். மாமியார் மெலிந்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு இருந்தாள். நான் ஜம்மென்று எழுந்து நின்று நமஸ்காரம் செய்ய வேண்டும் என்று திட்டம். எழுந்தேன். மூன்று மணி நேரமாக மடக்கி உட்கார்ந்ததில் நல்ல காலும் மரத்துப்போயிருந்தது. இரண்டு காலும் இரண்டு பக்கம் போக, தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன். மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு கால்னுதானே கேள்விப்பட்டோம்?" என்றார் வெங்கிடாசலமையர்.

பதிலுக்கு நான் சிமிழ்களை எடுத்து நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிஜமாகவே பிடித்திருந்தது அவருக்கு. தகர டப்பியிலிருந்த பொடியை அங்கேயே அதில் கொட்டிக்கொண்டு, சாயங்காலம் கோயிலுக்குப் போகும்போதும் வரும்போதும் அதிலிருந்தே போட்டுக்கொண்டார். மாமியாரும் விளக்கேற்றியதும் புதுச் சிமிழிலிருந்து இட்டுக்கொண்டாள். ஆனாலும் இரண்டு பேரும் கல்யாணத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. "கார்த்தால பஸ்ஸுக்குக் கிளம்பறோம், ஊருக்குப் போய்க் கடுதாசி போடறோம்" என்றார் வெங்கிடாசலமையர். கடுதாசி என்றால் என்ன அர்த்தமென்று கல்யாணச் சம்பந்தம் பேசியவர்களுக்குத் தெரியும்.

காலையில் அம்மா போட்ட சத்தத்தில்தான் விழித்துக்கொண்டேன். கூடத்தில் வெங்கிடாசலமையர் உட்கார்ந்திருந்தார். மூக்கு இருந்த இடத்தில் ஒரு பிடிகொழுக்கட்டை இருந்தது. மேலுதடு வீங்கி மூக்கோடு சேர்ந்துவிட்டது. கண் இரண்டும் கோடு. மாமியாருக்கு நெற்றி புடைத்து, கொப்புளம் வைத்து, விரல் மடங்கவில்லை.

"உங்காத்துல அம்மை போட்டிருக்கா? சொல்லாம எங்களை உள்ளே விட்டேளா?" என்று அவர் கத்தினார். மூக்கு அடைத்திருந்ததால் பாதிதான் புரிந்தது.

"எங்காத்துல அம்மையும் இல்லை ஒண்ணும் இல்லை. நீங்கதான் வழியில எங்கேயோ வாங்கிண்டு வந்திருக்கேள்!" என்று அம்மா விடவில்லை.

நான் பாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அந்தச் சமயத்தில் வாசலில் ஆசான் வந்தார். சண்டையைக் கேட்டார், மூக்கைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த பொடிச் சிமிழைப் பார்த்தார். பாம்பை மிதித்தவர்போல் ஒரு எட்டுப் பின்னால் குதித்தார்.

"எந்தம்மோ! இது சேரு மரமாக்குமே! இதாரு செய்தது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சேரு என்பது மலைக்காட்டு மரம். வண்ணான் துணியில் குறி போடுகிற சேராங்கொட்டைக்கு ஒன்றுவிட்ட தம்பி. அந்தக் கறுப்பு வளையம் அதன் பால். பட்ட இடம் வெந்துபோகும். மலையில் அதன் நிழலில்கூட ஆள் நிற்கமாட்டானாம். நான் அதைக் கடைந்து, மூடி போட்டு, மாமனார் மூக்குக்கு அனுப்பியிருக்கிறேன்.

"பின்னே இவனுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகலை?" என்றாள் மாமியார்.

ஆசான் என் கையைத் தூக்கிக் காட்டினார். முழங்கை வரை தைலம் மின்னியது. "எண்ணெய் இருந்தா சேருப்பாலு தோலுல ஒட்டாது அம்மா. ரெண்டு மாசமா என் தைலத்துல குளிக்கிறவரில்லியா!"

சேரு செய்த குற்றத்துக்குத் தான்றி மரத்திடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது இந்த நாட்டு வழக்கம். அதன் பட்டையை அரைத்துப் போட வேண்டும், அதற்கு முன்னால் மரத்தை ஏழு தடவை சுற்றிவர வேண்டும். கரமனை ஆற்றங்கரையில் ஒரு தான்றி இருந்தது. ஒரு வில்வண்டியில் எல்லோரும் ஏறிக்கொண்டோம்.

மரத்தடியில் ஆசான் சொல்லிக்கொடுத்தார். "தான்றி அச்சா, சேரு அச்சன் செய்த பிழை பொறுக்கணும்." வெங்கிடாசலமையருக்கு ஒரு மரத்தை அச்சன், அதாவது அப்பா, என்று கூப்பிட மனம் வரவில்லை. "வ்ருக்ஷ ராஜாய நமஹ" என்று மாற்றிக்கொண்டு புறப்பட்டார். பின்னால் மாமியார். ஆற்றில் குளித்துக்கொண்டிருந்த பாதிப் பேர் கரையேறி வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"சாமியும் சுத்தணும். செய்தவரு சுத்தாம பலிக்காது" என்றார் ஆசான் என்னிடம். நான் கைத்தடியை ஊன்றினேன். அவர் அதைப் பிடுங்கிக்கொண்டார். "பிழை செய்தவரு கம்பு ஊணப்பிடாது."

இந்தக் கடைசிச் சட்டம் வேறெங்கும் கிடையாது, ஆசான் அந்த நிமிஷத்தில் இயற்றியது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு இருந்த பயத்தில் தலைகீழாகச் சுற்றச் சொன்னாலும் சுற்றியிருப்பேன். "அச்சா, அச்சா" என்று விழுந்தடித்து நடந்தேன். நாலாவது சுற்றில் மாமியாரைத் தாண்டினேன். ஐந்தாவதில் மாமனாரையும் தாண்டிவிட்டேன்.

"ஏன்னா, பாருங்கோளேன்! நன்னா நடக்கறாரே!" என்றாள் மாமியார்.

வெங்கிடாசலமையர் நின்றார். விரலால் ஒரு கண்ணிமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் காலைப் பார்த்தார். ஏழாவது சுற்று முடித்து நான் வந்து நின்றதும், "எத்தனை நாளா இப்படி நடக்கறீர்?" என்று கேட்டார்.

"கால் கூடி ரெண்டு வாரம் ஆச்சு சாமி. நடக்கச் சொன்னா, இவரு உக்காந்து சிமிழு கடையுதாரு" என்றார் ஆசான் எனக்குப் பதிலாக.

நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். லீவு, ஹெட் கிளார்க், கிலுகிலுப்பை, 'ஐயோ' ஒன்றையும் மறைக்கவில்லை. கடைசியில், "மங்களத்தை மட்டும் வேண்டாம்னு சொல்லிடாதேங்கோ" என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதில் எனக்கு வெட்கமில்லை.

அவர் தோள் குலுங்கியது. கோபத்தில் நடுங்குகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார்! உதடு விரிந்தால் வலிக்கிறது, நிறுத்தவும் முடியவில்லை, "ஐயோ ஐயோ" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

"நொண்டிக்குப் பெண்ணைக் குடுக்கறதான்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். இது வெறும் அசடுன்னா! எங்காத்து மூத்த மாப்பிள்ளையும் அசடுதான். எங்களுக்குப் பழக்கம்தான்" என்றார்.

குறித்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் நடந்தது. அதற்குள் அவர் மூக்கு பழைய அளவுக்கு வந்துவிட்டது. (பழைய அளவே கொஞ்சம் அதிகம்தான்.) நலங்கின்போது பெண்ணுக்குப் பூ எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். மங்களம் கையை நீட்டவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு வாழையிலைத் துண்டை எடுத்து என் முன்னால் நீட்டி, தலை நிமிராமல், "இதுல வையுங்கோ" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். சிரிப்பில் பந்தலே அதிர்ந்தது. ஆசான் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் எதைக் கொடுத்தாலும் அவள் வெறுங்கையால் வாங்கியதில்லை. பேத்திகளும் கற்றுக்கொண்டுவிட்டார்கள், மிட்டாய் கொடுத்தால் பாவாடையை விரித்துப் பிடிக்கிறார்கள். இன்று காலையில் நானே காப்பி கலந்து அவளிடம் டம்ளரை நீட்டினேன். முந்தானையைச் சுற்றிப் பிடித்து வாங்கிக்கொண்டாள். சூடாக இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு என்னுடையதை எடுத்துக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.