கப்பலில் ஏற வேண்டாம், மச்சான்

பாலக்கரை,
2-6-1957

பம்பாயில் ஹாஜிகள் விடுதியில் கப்பலுக்குக் காத்திருக்கும் மச்சான் நசுருதீன் அவர்களுக்கு, மளிகைக்கடை மீரான் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் உதவியால் இங்கே என்னைத் தவிர எல்லோரும் சுகம். இது யார் கையெழுத்து என்று யோசிக்க வேண்டாம். என்னுடையதுதான். அறுபத்து நாலு வயதில் முதல் கடிதம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வரி வருகிறது. எழுதிய வரியைத் திரும்பப் படித்தால் பாயசம் குடித்த மாதிரி இருக்கிறது.

விஷயம் என்னவென்றால், நீங்களும் தங்கச்சி ஷரபுன்னிசாவும் கப்பலில் ஏற வேண்டாம். ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வந்து எங்களுக்கு முதியோர் வகுப்பு எடுக்கும் அழகிரி வாத்தியார், நான் அரிச்சுவடி முடித்த சந்தோஷத்தில் ஒரு சரித்திரப் புத்தகம் கொடுத்தார். முதலில் ஆனந்தமாகத்தான் இருந்தது. அரபு நாட்டு வியாபாரிகள் கோழிக்கோட்டுக்கு வந்தார்கள், மிளகுக்கு விலை பேசினார்கள், காற்று திரும்பியதும் போனார்கள். நாற்பது வருடமாக நான் பொட்டலம் கட்டுகிற மிளகுக்கு இவ்வளவு மவுசா என்று கடையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன், பிறகு பக்கத்தைப் புரட்டினேன், அதே மிளகுக்காகப் போர்ச்சுக்கல்லிலிருந்து வாஸ்கோடகாமா என்று ஒருவன் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு வந்து இறங்குகிறான், இரண்டாம் தடவை பீரங்கிகளோடு வந்து ஹாஜிகள் கப்பல் ஒன்றை மறித்து, பெண்கள் நகையைக் கழற்றிக் கொடுத்தும் கேட்காமல் ஆட்களோடு கொளுத்திவிட்டான். எனக்குச் சோறு இறங்கவில்லை. வாத்தியாரிடம் ஓடினேன்.

"பாய், அது நடந்து நானூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றார்.

"அந்தப் போர்ச்சுக்கல்காரங்க இப்ப எங்கே இருக்காங்க?"

"கோவாவுல."

"கோவா பம்பாய்க்கு ரொம்ப தூரமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

இன்னொரு பயமும் இருக்கிறது. வழியில் சளி பிடித்தால் கஷாயத்துக்கு ஆகும் என்று தங்கச்சியின் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் அரைப்படி மிளகு வைத்தது நான்தான். கப்பலை மறித்தால் அவர்கள் முதலில் தேடுவது அதைத்தானே? கூடப்பிறந்தவளை நானே காட்டிக்கொடுத்தவன் ஆகிவிடுவேன். என் வீட்டுக்காரி வஹீதா வேறு, "சுருக்கா ஒரு தந்தி அடிங்க. உங்க எழுத்து போய்ச் சேர்றதுக்குள்ள அவுங்க ஹஜ்ஜையே முடிச்சிருவாங்க" என்கிறாள். தந்தி இங்கிலீஷில் போகும். அதில் என் எழுத்து எப்படிப் போகும்?

அல்லாஹ் உங்கள் இருவரையும் கரையிலேயே பத்திரமாக வைப்பானாக.

இப்படிக்கு,
மீரான்
(கைநாட்டு இல்லை)

பி.கு.: மேலே உள்ளதை எழுதி முடிக்கப் பத்தொன்பது நாள் ஆயிற்று. உறை ஒட்டுகிற நேரத்தில் நீங்கள் சுகமாக ஜித்தா சேர்ந்ததாகத் தந்தி வந்தது. அல்ஹம்துலில்லாஹ். அந்தச் சந்தோஷத்தில் சரித்திரப் புத்தகத்தின் அதே பக்கத்தை மறுபடி எழுத்துக்கூட்டினேன். முதல் தடவை இரண்டு வார்த்தையை விட்டிருக்கிறேன். அந்தக் கப்பல் மக்காவுக்குப் போகும்போது பிடிபடவில்லை, திரும்பி வரும்போதுதான் பிடிபட்டது. மிளகை அங்கேயே செலவழித்துவிடவும். விலாசத்தில் பம்பாயை அடித்துவிட்டு ஜித்தா என்று போட்டிருக்கிறேன். மற்றபடி ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.