ஒரே வரியில் நாற்பது குடும்பம்

என் பெரியம்மாவை நான் ஒருமுறை அடுத்த லயத்து வரிசை வீட்டுக்காரருக்குக் கட்டிவைத்திருக்கிறேன். அவரை மட்டுமல்ல, ஒரே பிற்பகலில் எங்கள் சொந்தத்தில் நாற்பது குடும்பங்களைக் கலைத்துப் போட்டவன் நான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. (கொழுப்புதான்.)

அப்போது பதுளையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தேன். லேப்டாப்பில் விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டிருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே அதைப் போட்ட ஒரே ஆள் நான் என்பதால், விண்டோஸ் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கும். கர்மம்!

அக்காவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. அப்பா இல்லாத வீடு. அப்பாவின் அண்ணன் பெருமாள் பெரியப்பாவும் லெட்சுமி பெரியம்மாவும்தான் மணவறையில் நின்று தாரைவார்க்க வேண்டும். அவர்கள் இல்லையென்றால் கல்யாணம் இல்லை.

எங்கள் பக்கத்துப் பத்திரிகையில் மணமக்களை விட அடியில் வரும் சொந்தக்காரர் பட்டியல்தான் முக்கியம். ஒரு பெயர் விடுபட்டால் பத்து வருஷம் பேச்சுவார்த்தை இருக்காது. அதனால் வரிக்கு ஒரு ஜோடியாகக் கவனமாக டைப் செய்தேன். முதல் வரியில் தாய்மாமன் சின்னையா, கல்யாணமே செய்யாதவர், எனவே தனியாக. அடுத்த வரி பெருமாள் லெட்சுமி. அதற்கடுத்து சுப்பையா பார்வதி. இப்படியே போய்க் கடைசி வரியில் கிருஷ்ணன் மாமா, பாக்கியம் அத்தை.

பஸாரில் இருந்த அச்சுக்கடைக்குப் பென் டிரைவோடு போனேன். அங்கே டைப்செட் செய்யும் அக்கா பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில், நோட்பேடில் என் ஃபைலைத் திறந்தார். எல்லாம் ஒரே வரியாகக் கிடந்தது. வரி முடியும் இடத்தில் லினக்ஸ் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளம் வைக்கும். விண்டோஸ் இரண்டு வைக்கும். அந்தப் பழைய நோட்பேட் ஒற்றை அடையாளத்தை மதிக்கவே இல்லை. ஒரு வரியின் கடைசிப் பெயர் அடுத்த வரியின் முதல் பெயரோடு ஒட்டிக்கொண்டது: ‘சின்னையாபெருமாள் லெட்சுமிசுப்பையா…’

“தம்பி, இத வேர்ட்பேட்ல தொறந்தா சரியா வருங்க” என்றார் அந்த அக்கா.

“அதெல்லாம் வேணாங்க. எனக்குக் கன்வர்ட் பண்ணத் தெரியும். கொஞ்சம் நகருங்க.”

(தெரியும்தான். அதற்கான கட்டளை வீட்டில், லேப்டாப்பில் இருந்தது.)

மூன்றரை பஸ்ஸை விட்டால் தோட்டத்துக்கு நடைதான். ஒட்டிக்கிடந்த பெயர்கள்தான் ஜோடி என்று என் அறிவு முடிவுகட்டியது. இடைவெளி வந்த இடத்திலெல்லாம் என்டர் தட்டினேன். ஒட்டியிருந்த பெயர்களுக்கு நடுவே கோடு போட்டேன். ஒரு பெயரையாவது வாசித்தேனா? “நல்லா பாத்துட்டு சைன் பண்ணுங்க தம்பி” என்று அச்சுக்கடை அக்கா மாதிரியை நீட்டினார். நான் பிள்ளையார் படம் நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அம்மா மஞ்சள் தடவி லயம் லயமாகப் பத்திரிகை வைத்தாள். மறுநாள் காலைப் பெரட்டில், வேலை பிரிக்கும் நேரத்திலேயே, சிரிப்பு கிளம்பிவிட்டது. பெரியப்பா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“டேய், என்னையும் சின்னையாவையும் ஜோடி சேத்திருக்க. எம் பொஞ்சாதி அடுத்த லயத்துச் சுப்பையாவுக்கா? அவன்கிட்ட நான் ஏழு வருஷமா மொகம் குடுத்துப் பேசல! அவனையே கூப்பிட்டுத் தாரைவாத்துக்கங்க. நான் வரல.”

“பெரியப்பா, அது கண்ணுக்குத் தெரியாத ஒரு அடையாளம்…”

“செய்யிறதையும் செஞ்சிட்டு சாமி மேல பழி போடுறியா?”

அதற்குள் இன்னொரு கூத்து. பட்டியலின் கடைசியில் பாக்கியம் அத்தை தனியாக நின்றார். பண்டாரவளையிலிருந்து அவருடைய அண்ணன் ஃபோனில் அழுதார்: “மாப்ள எப்பங்க தவறுனாரு? ஒரு வார்த்த சொல்லலியே!” ஃபோனை எடுத்தவரே கிருஷ்ணன் மாமாதான்.

“படிச்ச படிப்புக்கு எங் கல்யாணத்த நிப்பாட்டிட்டியேடா பாவி” என்று அக்கா அழுதாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டுக்குப் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சினோம். அவர் அசையவில்லை. அடுப்படியிலிருந்து பெரியம்மா வந்தார்.

“முப்பத்தஞ்சு வருஷமா ஒங்களோட குப்ப கொட்டியாச்சு. பத்திரிகையிலயாச்சும் ஒரு மாத்தம் வந்துச்சேன்னு நானே சந்தோஷமா இருக்கேன். நீங்க வரலன்னா போங்க. அச்சடிச்ச மாதிரியே நானும் சுப்பையா அண்ணனும் நின்னு தாரைவாத்துக் குடுத்துர்றோம்.”

கல்யாணத்தன்று மேளக்காரர்களுக்கு முன்பே பெரியப்பா வந்துவிட்டார். பந்தி முடியும்வரை பெரியம்மாவை விட்டு ஓர் அடி நகரவில்லை.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டில் சண்டை வந்தாலும், “நான் எம் பத்திரிகைப் புருஷன் வீட்டுக்குப் போறேன்” என்று பெண்கள் மிரட்டுகிறார்கள். அந்தப் பட்டியலில் என் மனைவி இல்லை. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. போன வாரம் எங்களுக்குள் ஒரு சண்டை. அவள் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

“எனக்கும் ஒரு பத்திரிகை அடிச்சிட்டு வாங்க. நீங்களே டைப் பண்ணுங்க.”