மிளகுப் பாறையிலிருந்து ஒரு சிக்னல்

ஹவில்தார் முருகானந்தம் ராணுவத்திலிருந்து ரிட்டயர் ஆகி மூன்று வருசம் ஆகிறது. உடம்பு ரிட்டயர் ஆகிவிட்டது. வாய் மட்டும் இன்னும் டூட்டியில் இருக்கிறது.

மலைமேல் திண்ணனூர் நாட்டில் அவர் குடியிருக்கும் ஓட்டு வீட்டில் சமையலறைக்குப் பெயர் லங்கர். பீரோவுக்குப் பெயர் ஸ்டோர். காலையில் பல் தேய்ப்பதற்குப் பெயர்கூட ஏதோ வைத்திருந்தார், இப்போது ஞாபகம் வரவில்லை. மனைவி தேன்மொழிக்குப் பெயர் ‘டூ ஐ.சி.’ அதாவது வீட்டின் இரண்டாவது அதிகாரி. அப்படியானால் முதல் அதிகாரி யார் என்று யாராவது கேட்டால், மனுசன் மீசையைத் தடவிக்கொண்டு, “சி.ஓ. நான்தான்” என்பார். பாவம், சொல்லிவிட்டுப் போகட்டும்.

பக்கத்துக் காட்டு செங்கோடன் ஒருநாள் தெரியாத்தனமாக அவரிடம் பஸ்ஸுக்கு நேரம் கேட்டுவிட்டான்.

“ஏனுங்க மாமா, சேலம் பஸ் எப்பங்க?”

“இ.டி.ஏ. ஜீரோ சிக்ஸ் ஹண்ட்ரட் அவர்ஸ். ஆர்.வி. சோளக்காடு.”

“நான் பஸ்ஸைக் கேட்டனுங்க.”

“அதைத்தானய்யா சொல்றேன்! ஆர்.வி.யில ஃபால் இன் ஆயிக்கோ.”

செங்கோடன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். உள்ளேயிருந்து தேன்மொழி குரல் கொடுத்தாள்: “ஆறு மணிக்குச் சோளக்காட்டுல நின்னுக்க சாமி.”

இதை முருகானந்தம் கொஞ்சம் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. அவர் வாங்கவில்லை. தன் பாஷை இந்த மலையில் ஒரு ஜீவனுக்கும் புரியாது என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

விசயத்துக்கு வருவோம். மூன்று வருசமாக மிளகுக் கொடியையும் குச்சிக்கிழங்கையும் பார்த்துப் பார்த்து மனுசனுக்குச் சலித்துவிட்டது. கொடிக்கு அட்டென்ஷன் சொன்னால் அது கேட்கிறதா? இந்த நேரம் பார்த்துத்தான் பழைய சிநேகிதன் சந்தோஷ்குமார் கூப்பிட்டான். முருகானந்தத்தோடு ஒரே யூனிட்டில் இருந்தவன். இப்போது சேலத்தில் சொந்தமாக செக்யூரிட்டி ஏஜென்சி வைத்து நாலு மில்லுக்குக் காவலுக்கு ஆள் அனுப்புகிறான். சூப்பர்வைசர் இடம் காலி. யூனிஃபார்ம் உண்டு. விசில் உண்டு. போகிற வருகிற லாரிக்காரன் எல்லாம் சல்யூட் அடிப்பான். தங்குவதற்கு அங்கேயே ரூம். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து போகலாம்.

ஹவில்தாருக்கு உச்சந்தலை வரை குளிர்ந்துவிட்டது. போயே தீருவது என்று முடிவெடுத்தார். ஒரே ஒரு சிக்கல். தேன்மொழியிடம் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருசம் அவரை வருசத்துக்கு இரண்டு மாதம் மட்டுமே பார்த்தவள் அவள். ‘மறுபடியும் கிளம்புறேன்’ என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. பனிமலையில் துப்பாக்கி பிடித்து நின்றவர்தான். ஆனால் அங்கே எதிர்ப்பக்கம் தேன்மொழி நிற்கவில்லையே.

சொல்லாமல் போய் முதலில் வேலையில் சேர்ந்துவிடுவது, பிறகு போனில் சொல்வது. இதுதான் பிளான்.

அந்த வீட்டில் போன் பேசுவது என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறைக்குத்தான் போக வேண்டும். வேறெங்கும் டவர் கிடையாது. அதனால் முருகானந்தத்தின் போன் எப்போதும் பாறையோரப் பலாமரக் கிளையில் ஒரு மஞ்சப்பைக்குள் தொங்கும். அதே பாறையில்தான் மிளகு காயும். மாசி மாதம். தேன்மொழி காலையிலிருந்து சாயங்காலம் வரை அங்கேதான் இருப்பாள். மிளகைக் கிளறிவிடுவாள், கோழியை விரட்டுவாள். ஆகவே ஹவில்தார் தன் ரகசியத்தை அவள் பக்கத்திலேயே நின்று கத்திப் பேச வேண்டியிருந்தது.

அவர் கவலைப்படவில்லை. பாஷை இருக்கிறதே!

“ஹலோ, சந்தோசு! ராம் ராம்! மெசேஜ் ரிசீவ்டு. இண்டிவிஜுவல் வில்லிங். மண்டே மார்னிங் மூவ். ஜீரோ சிக்ஸ் ஹண்ட்ரட் சோளக்காடு, இ.டி.ஏ. உன் லொகேஷன் டென் ஹண்ட்ரட். டூ ஐ.சி.க்கு நில் இன்ஃபர்மேஷன். ரிப்பீட், நில்! ஓவர்!”

தேன்மொழி மிளகைக் கிளறிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

“யாருங்க?”

“சந்தோசு.”

“என்ன சொல்றாருங்க?”

“அவங்கூட்டு மாடு கன்னு போட்டிருக்காம்.”

“அடடா. கெடேரிங்களா, காளைங்களா?”

“அது… அதைப் பத்தி நில் இன்ஃபர்மேஷன்.”

“சரிங்க,” என்றாள் தேன்மொழி.

ஞாயிற்றுக்கிழமை மெதுவாக ஆரம்பித்தார்.

“தேனு, நாளைக்குச் சேலம் போறேன். முட்டி வலி. இ.சி.எச்.எஸ்.ல காட்டணும். மிலிட்டரிக்காரங்க ஆஸ்பத்திரி.”

“ஐயோ, நானும் வாரனுங்க.”

“நீ எதுக்கு? எழுபது கொண்டை ஊசி வளைவு. மூணாவது வளைவுலயே வாந்தி எடுப்பே.”

“முட்டி வலிக்குறவரு தனியாப் போலாமுங்களா?”

“அங்க லேடீஸ் அலவ்டு இல்ல.”

“முட்டி ஆஸ்பத்திரிலயுங்களா?”

“எஸ்.ஓ.பி. அப்படி!” ரூல் என்பதற்கு அவர் பாஷையில் அதுதான் பெயர்.

“எஸ்.ஓ.பி. அப்படின்னா என்ன பண்றதுங்க,” என்று பெருமூச்சு விட்டாள் தேன்மொழி. “எத்தனை நாளாகுமுங்க?”

“பெட்டுல சேத்தாலும் சேப்பாங்க. ரெண்டு ஜோடி துணி எடுத்து வை.”

மறுபேச்சு இல்லை. எடுத்து வைத்தாள். ஒரு சீப்பு மலைவாழைப்பழமும் ஐந்து கிலோ குச்சிக்கிழங்கும் வேறு பையில் கட்டினாள். கிழங்கு எதற்கு என்று இவர் கேட்க, “போற எடத்துல யாருக்காவது குடுக்கலாமுங்க” என்றாள். ‘அப்பாவி’ என்று நினைத்து முருகானந்தத்துக்கு நெஞ்சு கொஞ்சம் அடைத்தது. நெஞ்சு அடைத்தாலும் தூக்கம் வந்தது. நன்றாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சந்தோஷ்குமாரின் ஆபீசில் போய் நின்று விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார் ஹவில்தார்.

சந்தோஷ்குமார் நாற்காலியை விட்டு எழுந்தான். “அண்ணா! என்னண்ணா இங்க?”

“என்னடா இங்கயா? டூட்டி ரிப்போர்ட்டிங்!”

“நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களேண்ணா! இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துட்டேனே.”

“நானா? எப்போ?”

சந்தோஷ்குமார் தன் போனை எடுத்துக் காட்டினான். முருகானந்தத்தின் நம்பரிலிருந்துதான் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை, பதினொன்று நாற்பது.

“1. நமது நேற்றைய டெலிகானைப் பார்க்கவும். 2. மேற்படி இண்டிவிஜுவல் தற்போது அன்வில்லிங். 3. காரணம்: கம்பேஷனேட் கிரவுண்ட். என்.ஓ.கே. சம்மதம் பெறப்படவில்லை. 4. இவ்விசயத்தில் என்.எஃப்.ஏ. 5. மெசேஜ் மூலம் மட்டும் அக்னாலட்ஜ் செய்யவும். மிளகு சீசன் என்பதால் டெலிகான் தவிர்க்கவும்.”

முருகானந்தத்துக்குக் கால் கட்டைவிரலிலிருந்து வியர்த்தது. டெலிகான் என்றால் போன் பேச்சு, கம்பேஷனேட் கிரவுண்ட் என்றால் குடும்பக் காரணம், என்.எஃப்.ஏ. என்றால் இதற்குமேல் நடவடிக்கை வேண்டாம், ஃபைலை மூடு என்று அர்த்தம். இரண்டு தடவை படித்தார். ஒரு பிழை இல்லை. ஒரு சொல் அதிகமும் இல்லை, ஒரு சொல் குறைவும் இல்லை. இருபத்திரண்டு வருச சர்வீசில் இவ்வளவு சுத்தமான சிக்னலை அவர் பார்த்ததில்லை.

“என்ன டிராஃப்டிங்குண்ணா!” என்றான் சந்தோஷ்குமார். “நம்ம ஹெட் கிளார்க் சாப்கூட இப்படி எழுதினதில்ல. நீங்கதானே எழுதினது?”

இப்போது யோசித்துப் பாருங்கள். ‘இல்லை’ என்றால், பெண்டாட்டி போனை எடுத்துத் தன் வேலையை ரத்து செய்துவிட்டாள் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். ஹவில்தாரின் மீசை அதற்குச் சம்மதிக்கவில்லை.

“பின்ன? நான்தான்.”

“அப்புறம் எதுக்குண்ணா வந்தீங்க?”

முருகானந்தம் ஒரு நிமிசம் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார்.

“கிழங்கு குடுத்துட்டுப் போலாம்னு,” என்றார்.

சந்தோஷ்குமார் உருகிவிட்டான். ஐந்து கிலோ கிழங்கைச் சுமந்துகொண்டு எழுபது வளைவு இறங்கி வந்த அண்ணனைச் சும்மா அனுப்ப அவனுக்கு மனசில்லை. “அண்ணா, ஒரு யோசனை. தினமும் மில் ஓனருங்களுக்கு ரிப்போர்ட் அனுப்பணும். எழுதுறதுக்கு ஆள் இல்ல. வாச்மேன்க வாய்ஸ்ல சொல்லுவாங்க, நீங்க அதை இதே மாதிரி எழுதி எனக்கு அனுப்புங்க. ஊட்டுல உக்காந்தே பண்ணலாம். இதே கை வேணும்ணா எனக்கு!”

சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தபோது தேன்மொழி காய்ந்த மிளகை மூட்டைக்குள் அள்ளிக்கொண்டிருந்தாள்.

“முட்டி எப்படிங்க இருக்குது?”

“தேனு. என் போனை எடுத்தியா?”

“எடுத்தனுங்க.”

“அதுக்கு லாக்கு இருக்குதே!”

“உங்க ஆர்மி நம்பர்ல கடைசி ஆறு. கலியாணமான நாள்ல இருந்து லெட்டர்மேல எழுதுனவ நானு. எனக்குத் தெரியாதுங்களா?”

“வந்த பதிலு?”

“அழிச்சுட்டனுங்க. எஸ்.ஓ.பி. அப்படி.”

முருகானந்தத்துக்குக் கோபம் வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. “என்.எஃப்.ஏ. எல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?”

தேன்மொழி அள்ளுவதை நிறுத்தினாள்.

“கலியாணமாகி ஏழாவது மாசம் உங்களுக்கு மஞ்சக்காமாலை வந்துச்சே, ஞாபகம் இருக்குதுங்களா? உங்க யூனிட்ல இருந்து ஒரு கடுதாசி வந்துச்சுங்க. இண்டிவிஜுவல் எம்.ஹெச்.ல அட்மிட், டி.ஐ. லிஸ்ட்ல இல்ல, என்.ஓ.கே.க்குத் தகவல்னு. அவ்வளவுதான். இந்த மலையில யாருக்கும் அர்த்தம் தெரியல. வாத்தியாருக்குத் தெரியல, கண்டக்டருக்குத் தெரியல. ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கலீங்க. நீங்க இருக்குறீங்களா இல்லையான்னே தெரியல. அப்புறம் அடிவாரத்துல ஒரு பழைய மிலிட்டரிக்காரரு ஊட்டைத் தேடிப் போயிக் கேட்டேன். எம்.ஹெச்.னா ஆஸ்பத்திரி, டி.ஐ. லிஸ்ட்ல இல்லைன்னா உசுருக்கு ஆபத்தில்ல, என்.ஓ.கே.ன்னா நெருங்குன சொந்தம், அது நீதாம்மான்னு சொன்னாரு. அன்னைக்கே ஒரு நோட்டு வாங்கினனுங்க. நீங்க சொல்ற ஒவ்வொரு எழுத்தையும் எழுதி வெச்சேன். உங்க பென்சன் லெட்டரு, ரெக்கார்டு ஆபீஸ் லெட்டரு எல்லாத்துக்கும் பதில் எழுதுனது நான்தானுங்க. நீங்க கையெழுத்து மட்டும்தான் போட்டீங்க.”

முருகானந்தம் கையிலிருந்த துணிப்பையைக் கீழே வைத்தார்.

“பதினெட்டு வருசம் லீவுல வந்த ஆளுகூடக் குடும்பம் நடத்தினேன். இப்பத்தான் மூணு வருசமா ஊட்டுல ஒரு புருசன் இருக்குறாரு. போறதுன்னா சொல்லிட்டுப் போங்க. மாட்டுக்கன்னுக் கதையெல்லாம் எதுக்குங்க எங்கிட்ட?” சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அதற்குமேல் ஹவில்தாரால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மிளகை அள்ளிப் போட்டார். தப்புத்தான் தேனு என்றார். இனிமேல் எங்கேயும் போகமாட்டேன் என்றார். மனசாரத்தான் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து மீசை பழையபடி நிமிர்ந்தது. “ஆனா ஒண்ணு. எனக்கு வேலை கிடைச்சாச்சு. ஊட்டுல இருந்தே! ரிப்போர்ட் எழுதற வேலை. நாளைல இருந்து காலைல பத்துலருந்து பன்னெண்டு வரைக்கும் இந்தப் பாறை ஆபீஸ். யாரும் டிஸ்டர்ப் பண்ணக்கூடாது.”

“நீங்களே எழுதுவீங்களா?”

“பின்ன, நீயா எழுதுவே?”

“சரிங்க,” என்றாள் தேன்மொழி.

மறுநாள் பத்து மணிக்குச் சட்டையை இன் பண்ணிக்கொண்டு பாறைமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாலு வாச்மேன்களின் வாய்ஸையும் கேட்டார். அவர் சர்வீஸ் பூராவும் வயர்லெஸ் செட்டில் கத்தியவர், யாரோ எழுதியதைப் படித்தவர். தானாக ஒரு வரி எழுதியதில்லை. இரண்டு மணி நேரம் முக்கி முனகி எழுதி அனுப்பினார்:

“எல்லாம் ஓ.கே. ஒண்ணாம் மில் கேட் ஓ.கே. ரெண்டாம் மில் கேட் ஓ.கே. லாரி வந்தது. போனது. மூன்றாம் மில்லில் ஒரு நாய் புகுந்தது. நாய் ஓ.கே.”

ஐந்தே நிமிசத்தில் சந்தோஷ்குமாரிடமிருந்து பதில் வந்தது: “அண்ணா, இது நீங்க எழுதின மாதிரி இல்லையே. உடம்பு கிடம்பு சரியில்லையா?”

முருகானந்தம் பாறையைச் சுற்றி மூன்று முறை நடந்தார். பிறகு லங்கர் வாசலில் போய் நின்றார்.

“தேனு…”

“சொல்லுங்க.”

“ரொம்ப வேலையா?”

“கிழங்கு உரிக்கோணும். மிளகுக்குக் கோழி வராமப் பாத்துக்கோணும்.”

“அதை நான் பாத்துக்கறேன். நீ கொஞ்சம்… அந்த நாய் விசயத்தை மட்டும்…”

தேன்மொழி கையைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். போனை வாங்கினாள். ஹவில்தார் ஒரு கையில் கத்தி, ஒரு கையில் குச்சி, மடியில் கிழங்கோடு பாறையோரம் உட்கார்ந்து, கோழியை ‘ச்சூ’ என்று விரட்டினார். கால்மணி நேரத்தில் ரிப்போர்ட் போய்விட்டது.

உடனே போன் ‘டிங்’ என்றது. தேன்மொழி படித்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை அவரிடம் நீட்டினாள். சந்தோஷ்குமார் எழுதியிருந்தான்:

“இப்பத்தாண்ணா நீங்க நீங்களா இருக்கீங்க!”